மணிக்கு எத்தனை லிட்டர்?

திண்டிவனத்தில் பழைய வண்டி வாங்கப் போகிறவர் விலையைக் கேட்பதற்கு முன்பே "லிட்டருக்கு எவ்வளவு கொடுக்கும்?" என்று கேட்டுவிடுவார். பைக், டாடா ஏஸ், லாரி எதுவானாலும் இதே கேள்விதான். சென்னையிலிருந்து வரும் சாலை விழுப்புரத்துக்கும் புதுச்சேரிக்கும் பிரிகிற ஊர் இது. சக்கரத்தை நம்பிப் பிழைக்கும் குடும்பங்கள் இங்கே அதிகம். டீசல் என்ஜின்களுக்கு நாசிலும் பம்பும் பார்க்கிற பட்டறைக்காரன் என்பதால் இந்தக் கேள்வியைக் கேட்காத நாள் எனக்குக் கிடையாது.

கிழக்கே மரக்காணம் வரை போய்விட்டால் இந்தக் கேள்வி செல்லுபடியாகாது. கடலில் மைல்கல் இல்லை. நீவாட்டோடு, அதாவது கடல் நீரோட்டத்தோடு, போகும்போது ஒரு தூரம், நீவாட்டை எதிர்த்துத் திரும்பும்போது இன்னொரு தூரம். வாடைக் காற்று வீசும் மாதத்தில் ஒரு கணக்கு, தெற்கத்திக் காற்றில் வேறு கணக்கு. அதனால் கடற்கரையில் மணிக்கு எத்தனை லிட்டர் என்றுதான் கேட்க வேண்டும். அதோடு நிறுத்தாமல், எந்த வேகத்தில், எவ்வளவு வலையும் ஐசும் ஏற்றி என்றும் கேட்க வேண்டும். இந்த இரண்டும் சேராமல் சொல்லப்படும் லிட்டர் கணக்கை நான் காதில் வாங்குவதில்லை.

இதை நான் கற்றுக்கொண்டது குப்பத்துக்காரர்களிடம். படகு என்ஜினின் நாசிலைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு எங்கள் பட்டறைக்கு வரும் தம்பி ஒருவர், பழைய ஃபைபர் படகு ஒன்று விலைக்கு வருகிறது, "என்ஜினை மட்டும் ஒரு பார்வை பார்த்துச் சொல்லுங்கண்ணே" என்று கூப்பிட்டார். போன பிறகுதான் என்ஜினை மட்டும் பார்த்து ஒரு படகைப் பற்றி எதுவும் சொல்ல முடியாது என்பது புரிந்தது.

2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பிறகு இந்தக் கரையில் கட்டுமரங்கள் இருந்த இடத்தை ஃபைபர் படகுகள் வேகமாகப் பிடித்தன. நிவாரணமாக வந்த படகுகளில் நன்றாகக் கட்டப்பட்டவையும் இருந்தன, அவசரத்தில் வார்க்கப்பட்டவையும் இருந்தன. அதன் பிறகு படகுகள் கைமாறுவதும் கூடியது. பெயின்ட் புதிதாக இருந்தால் எல்லாப் படகும் பார்வைக்கு ஒன்றுபோலத்தான் தெரியும்.

முதலில் என்ஜின். வாங்க வருகிறார்கள் என்று தெரிந்தால் சிலர் முன்கூட்டியே ஓட்டிச் சூடாக்கி வைத்துவிடுவார்கள். சூடான என்ஜின் தன் நோயை மறைக்கும். அதனால் போனதும் என்ஜின் மேல் கை வைத்துப் பார்த்தேன், குளிர்ந்திருந்தது. முதல் சுற்றிலேயே பிடிக்கிறதா, புகை என்ன நிறம் என்று கவனித்தோம். கறுப்புப் புகை என்றால் டீசல் முழுதாக எரியவில்லை, காற்று போதவில்லை, அல்லது சுமை அதிகம். நீலப் புகை ஆயில் எரிவதைச் சொல்லும்; பெரும்பாலும் ரிங் தேய்ந்திருக்கும். நெடுநேரம் ஆகியும் ஓயாத வெள்ளைப் புகை அமுக்கம் குறைந்ததாலோ நாசில் சரியாகத் தூவாததாலோ வரும். ஆயில் பால் கலந்ததுபோல இருந்தால் உள்ளே தண்ணீர் புகுந்திருக்கிறது. இவையெல்லாம் எனக்குப் பழகிய பாடம்.

அடுத்தது குடிக்கும் அளவு. நல்ல நிலையிலுள்ள சிறிய டீசல் என்ஜின், முழுச் சுமையில் ஒரு குதிரைத்திறனுக்கு மணிக்குச் சுமார் 200 மில்லி லிட்டர் எரிக்கும். 10 குதிரைத்திறன் என்றால் இரண்டு லிட்டர். அதே திறனுள்ள பெட்ரோல் அவுட்போர்டு ஏறக்குறைய அதன் இருமடங்கு கேட்கும். இதைச் சோதிக்கக் கருவி எதுவும் வேண்டாம். டாங்கியை முட்ட நிரப்பி, வலையும் ஆளும் ஏற்றி, வழக்கமான வேகத்தில் ஒரு மணி நேரம் ஓட்டிவிட்டு வந்து, மறுபடி முட்ட நிரப்ப எவ்வளவு பிடிக்கிறது என்று அளந்தால் போதும். கடலுக்குள் ஓட்டிக் காட்ட மறுக்கிற படகை வாங்கக் கூடாது.

10 குதிரைத்திறன் கொண்ட அந்தப் படகில் நாங்கள் அளந்தபோது இரண்டு லிட்டரை நன்றாகத் தாண்டியிருந்தது. என்ஜின் சரியாக இருக்கும்போது டீசல் எங்கே போகிறது? அதற்கான பதிலை ஒரு பெரியவர் படகின் உடம்பில் காட்டினார்.

திருப்புளியின் கைப்பிடியால் அணியத்திலிருந்து பின்பலகை வரை தட்டிக்கொண்டே வந்தார். இறுகிய ஃபைபர் கணீரென்று ஒலித்தது. சில இடங்களில் சத்தம் அமுங்கிப் போனது. அங்கே அடுக்குகள் ஒன்றைவிட்டு ஒன்று பிரிந்திருக்கின்றன என்றார். பின்பலகைக்கு உள்ளே பிளைவுட் வைத்திருப்பார்கள். ஆணித் துளை வழியே நீர் இறங்கினால் அது வெளியே தெரியாமல் உளுத்துப்போகும். என்ஜினைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டி, பலகை அசைகிறதா என்று பார்க்கச் சொன்னார். டிராக்டர் கட்டி மணலில் இழுக்கும் கரை இது. அடிப்பகுதி நாளும் தேயும். அங்கே மேல்பூச்சு தேய்ந்து நூலிழை வெளியே தெரிந்தால் நீர் ஊறத் தொடங்கிவிட்டது என்று பொருள். மிதப்பதற்காகத் தளத்துக்குக் கீழே அடைத்திருக்கும் ஃபோம் நீரைக் குடித்துவிட்டால் அந்தப் பாரத்தையும் என்ஜின்தான் ஒவ்வொரு நாளும் சுமக்க வேண்டும். அந்தப் படகின் ஃபோம் ஊறியிருந்தது. புரொபெல்லரின் ஓர் இதழும் நுனியில் மடங்கியிருந்தது.

படகில் மறைந்திருக்கும் எந்தக் குறையும் கடைசியில் டீசல் கணக்கில்தான் வந்து நிற்கும் என்று அன்று விளங்கியது. அந்தக் கணக்கு உரிமையாளரோடு முடிவதில்லை. மீன் ஏலம் போன பணத்தில் டீசல், ஐஸ் செலவைக் கழித்துவிட்டுத்தான் பங்கு பிரிக்கிறார்கள். படகு கூடுதலாகக் குடிக்கும் ஒவ்வொரு லிட்டரும் கூடப் போகிறவர்களின் பங்கிலிருந்தும் போகிறது. மீன்பாடு குறைந்த நாளில் அவர்கள் வெறுங்கையோடு வீடு திரும்ப அந்த ஒரு லிட்டரே காரணமாகலாம். இயந்திரம் பொருத்திய நாட்டுப் படகுக்கு ஆண்டுக்கு 4,000 லிட்டராக இருந்த விற்பனை வரி விலக்கு டீசல் 4,400 லிட்டராக உயர்த்தப்படும் என்று 2023 ஆகஸ்டில் மண்டபம் மீனவர் மாநாட்டில் அறிவிக்கப்பட்டது. மணிக்கு இரண்டு லிட்டர் குடிக்கும் படகு அதை வைத்து 2,200 மணி நேரம் ஓடும். மூன்று லிட்டர் குடிக்கும் படகுக்கு 1,470 மணி நேரம்கூட வராது. அந்தச் சலுகையும் பதிவோடு இணைந்தது என்பதால், பதிவுச் சான்றைப் பெயர் மாற்றித் தர விற்பவர் ஒத்துக்கொள்கிறாரா என்பதையும் முன்பே கேட்டுவிட வேண்டும்.

கோடிக்கணக்கில் விலைபோகும் உல்லாச மோட்டார் படகுகளுக்கும் இதே நியாயம்தான். 300 குதிரைத்திறன் டீசல் என்ஜின் இரண்டு பூட்டியது முழு வேகத்தில் மணிக்கு 120 லிட்டர் குடிக்கும். அதைப் பழையதாக வாங்குகிறவர்கள் சர்வேயரை அமர்த்தி, படகை நீரைவிட்டுத் தூக்கி, ஈரம் அளந்து, ஆயிலை ஆய்வகத்துக்கு அனுப்பி, கடலில் ஓட்டிப் பார்த்த பிறகே முன்பணத்தை உறுதி செய்கிறார்கள். அங்கே தோற்றால் ஒருவருடைய பொழுதுபோக்கு கெடும். இங்கே நான்கைந்து வீட்டு அடுப்பு அணையும். ஆகவே சோதனை இங்கேதான் கூடுதலாக வேண்டும்.

சிக்கனத்துக்கும் வழி இருக்கிறது. நார்வேயைச் சேர்ந்த படகு வடிவமைப்பாளர் ஓய்விந்த் குல்பிரான்சன், சென்னையை மையமாகக் கொண்டு 1979இல் தொடங்கிய வங்காள விரிகுடாத் திட்டத்தில் நம் கரைகளுக்கான படகுகளை வடிவமைத்தவர். சிறு மீன்பிடிப் படகுகளின் எரிபொருளைச் சேமிப்பது பற்றி அவர் எழுதிய கையேட்டை ஐ.நா. உணவு வேளாண் அமைப்பு 2012இல் வெளியிட்டது. வேகத்தைக் கொஞ்சம் குறைப்பதே மலிவான சேமிப்பு என்பது அதன் சாரம். நீரைக் கிழித்துச் செல்லும் படகில் வேகத்தைப் பத்தில் ஒரு பங்கு குறைத்தால், தேவைப்படும் திறன் கால் பங்குக்கு மேல் குறைந்துவிடும்.

தம்பி அந்தப் படகை வாங்கினார். கண்ட குறைகளை ஒவ்வொன்றாக விற்பவர் முன் வைத்தோம். அவர் மறுக்கவில்லை, பின்பலகையில் முன்பு ஒட்டுப் போட்டதைத் தானாகவே சொன்னார். ஃபோமை மாற்றவும் அடிப்பகுதிக்கு மறுபூச்சு பூசவும் ஆகும் செலவு விலையில் கழிந்தது. இரண்டு பக்கமும் மனக்கசப்பு இல்லாமல் முடிந்த பேரம் அது.

படகு பார்த்துச் சொல்லத் தெரிந்த அந்தப் பெரியவரைப் போல ஒருவராவது எல்லாக் குப்பத்திலும் இருப்பார். அவருடைய கையும் காதும் அறிந்ததை இளைஞர்கள் இப்போதே கற்றுக்கொள்ள வேண்டும். என் பட்டறைக்கு நாசில் கொண்டுவருகிறவர்களிடம் நான் வற்புறுத்துவது ஒன்றே ஒன்றுதான்: வாங்கிய நாளிலிருந்து டீசல் கணக்கை எழுதி வையுங்கள். அடுத்தவருக்கு விற்கும் நாளில் அந்த நோட்டையும் சேர்த்துக் கொடுங்கள்.