‘சிலிக்கான் வேலி’: சிரித்தபின் சரிபார்த்தவர்கள்

2014 ஏப்ரல் 6

எச்.பி.ஓ. தொலைக்காட்சியில் ‘சிலிக்கான் வேலி’ தொடங்குகிறது. மைக் ஜட்ஜ், ஜான் ஆல்ட்ஷுலர், டேவ் கிரின்ஸ்கி மூவரும் உருவாக்கிய நகைச்சுவைத் தொடர் இது. ஜட்ஜ் இயற்பியல் படித்தவர். 1987இல், தொடருக்குப் பெயர் தந்த சிலிக்கான் வேலி வட்டாரத்திலேயே ஒரு கிராஃபிக்ஸ் நிறுவனத்தில் கொஞ்ச காலம் பொறியாளராக இருந்து, பிடிக்காமல் வெளியே வந்தவர். அலுவலக வாழ்க்கையைக் கிண்டலடித்த ‘ஆபீஸ் ஸ்பேஸ்’ (1999) படமும் அவருடையதுதான்.

ஹூலி என்ற பெருநிறுவனத்தில் வேலை பார்க்கும் கூச்ச சுபாவி ரிச்சர்ட் ஹென்ட்ரிக்ஸ். அவன் எழுதிய ‘பைட் பைப்பர்’ என்ற ஆப் எதற்கும் உதவாது. ஆனால் அதற்குள் கோப்புகளைத் தரம் குறையாமல் சுருக்கும் அபாரமான நிரல் ஒன்று கிடக்கிறது. ஹூலியின் தலைவர் கேவின் பெல்சன் மொத்தத்தையும் ஒரு கோடி டாலருக்குக் கேட்கிறார். முதலீட்டாளர் பீட்டர் கிரிகோரியோ 5 சதவீதப் பங்குக்கு 2 லட்சம் டாலர் தருகிறேன் என்கிறார். ரிச்சர்ட் இரண்டாவதைத் தேர்ந்தெடுக்கிறான். ரசிகர்களின் முதல் வாக்குவாதம் இங்கேயே பிறந்துவிட்டது. 5 சதவீதம் 2 லட்சம் என்றால் முழு நிறுவனத்தின் மதிப்பு 40 லட்சம். 40 லட்சம் பெறுமானமுள்ள பொருளுக்கு ஒருவர் ஒரு கோடி நீட்டும்போது மறுத்தவன் தொலைநோக்காளனா, மடையனா? ஆறு பருவங்கள் முடிந்த பின்பும் இதற்கு ஒருமித்த பதில் வரவில்லை.

யார் யாருடைய சாயல் என்று கண்டுபிடிக்கும் விளையாட்டும் அன்றே ஆரம்பமாகிறது. கல்லூரியை விட்டு வெளியே வாருங்கள் என்று இளைஞர்களுக்குப் போதிக்கும் கிரிகோரி, படிப்பை நிறுத்தித் தொழில் தொடங்கும் இளைஞர்களுக்கு 2011இல் தலா ஒரு லட்சம் டாலர் கொடுக்கத் தொடங்கிய பீட்டர் தீலை நினைவூட்டுகிறார். கிரிகோரியாக நடித்த கிறிஸ்டோபர் இவான் வெல்ச், முதல் அத்தியாயம் ஒளிபரப்பாகும் முன்பே, 2013 டிசம்பரில் புற்றுநோயால் காலமாகிவிட்டார். முன்னோட்டக் காட்சியைப் பார்த்த ஈலான் மஸ்க்குக்குத் தொடர் பிடிக்கவில்லை. பாலைவனத் திருவிழாவான பர்னிங் மேனுக்குப் போகாதவர் எடுத்த படம் என்ற பொருளில் அவர் குறை சொன்னார். தொழிலில் இருப்பவர்கள் கோபித்துக்கொண்டால் குறி சரியாக விழுந்திருக்கிறது என்று ரசிகர்கள் எடுத்துக்கொண்டார்கள்.

2014 ஜூன் 1

முதல் பருவத்தின் கடைசி அத்தியாயம். டெக்கிரஞ்ச் டிஸ்ரப்ட் போட்டி மேடையில் பைட் பைப்பர் 5.2 என்ற ‘வைஸ்மன் மதிப்பெண்’ பெற்று வெல்கிறது. கோட்பாட்டளவில் 2.9தான் உச்சம் என்று கதைக்குள் நம்பப்பட்டிருந்தது. முந்திய இரவு நண்பர்கள் வெள்ளைப் பலகையில் போட்ட ஆபாசக் கணக்கு ஒன்றிலிருந்துதான் ரிச்சர்டுக்குப் பொறி தட்டுகிறது. கோப்பின் இரு முனைகளிலிருந்தும் தொடங்காமல் நடுவிலிருந்து வெளிப்புறமாகச் சுருக்கும் உத்தி அது.

இந்த மதிப்பெண் எழுத்தாளர்களின் கைச்சரக்கு அல்ல. ஸ்டான்ஃபோர்டு பேராசிரியர் ட்சாஹி வைஸ்மனும் அவருடைய ஆய்வு மாணவர் வினித் மிஸ்ராவும் தொடருக்கென்றே வடித்துக் கொடுத்த சூத்திரம் இது. புதிய நிரலின் சுருக்க விகிதத்தை, வழக்கமான நிரல் ஒன்றின் விகிதத்தால் வகுக்க வேண்டும். வழக்கமான நிரல் எடுத்த நேரத்தின் மடக்கையைப் புதியது எடுத்த நேரத்தின் மடக்கையால் வகுக்க வேண்டும். இரண்டையும் பெருக்கினால் மதிப்பெண் வந்துவிடும். திரையில் ஓரிரு நொடி தெரிந்த இதை ரசிகர்கள் காகிதத்தில் போட்டுப் பார்த்தார்கள். ஓட்டை அகப்பட்டது.

வழக்கமான நிரலுக்கு 100 விநாடி, புதியதற்கு 10 விநாடி என்று வைத்துக்கொள்வோம். மடக்கைகள் 2, 1. வகுத்தால் 2. அதே நேரங்களை மில்லி விநாடியில் எழுதினால் 1,00,000, 10,000. மடக்கைகள் 5, 4. வகுத்தால் 1.25. நிரல் மாறவில்லை, கடிகாரமும் மாறவில்லை. அலகு மாறியதற்கே மதிப்பெண் இறங்கிவிட்டது. புதிய நிரல் சரியாக ஒரு விநாடியில் முடித்தால் மடக்கை பூஜ்யம். பூஜ்யத்தால் வகுக்க வழியில்லை. அரை விநாடியில் முடித்தாலோ மதிப்பெண் எதிர்மறையாகிவிடும், அதாவது வேகமாக ஓடியதற்குத் தண்டனை. நகைச்சுவைத் தொடர் ஒன்றின் கற்பனை அளவுகோலை இவ்வளவு கறாராகச் சோதிப்பது வீண்வேலை என்று தோன்றலாம். ஆனால் இந்த வீண்வேலைதான் இந்த ரசிகர் கூட்டத்தின் அடையாளம். மற்றத் தொடர்களின் ரசிகர்கள் யாருக்கு யார் ஜோடி என்று சண்டை போடுவார்கள். இவர்கள் விடைத்தாள் திருத்தினார்கள்.

போட்டி அரங்கில் பெண்களே இல்லை என்ற குற்றச்சாட்டும் எழுந்தது. கூட்டத்தைக் காட்டும் அகலக் காட்சிகள் உண்மையான டிஸ்ரப்ட் நிகழ்ச்சியில் எடுக்கப்பட்டவை என்பது ஜட்ஜ் சொன்ன பதில்.

2015 ஏப்ரல் 12

இரண்டாம் பருவம் பணத்தோடு தொடங்குகிறது. போட்டியில் வென்றபின் முதலீட்டாளர்கள் மொய்க்கிறார்கள். மதிப்பு ஏற ஏற நல்லது என்று ரிச்சர்ட் நினைக்கிறான். அளவுக்கு மீறிய மதிப்பில் பணம் வாங்கி, அதற்கேற்ற இலக்கை எட்ட முடியாமல் நிறுவனத்தை இழந்த ஒருவரைச் சந்தித்தபின் பயந்துபோய், தனக்குக் கிடைத்த தொகையில் பாதி போதும் என்று தானே குறைத்துக் கேட்கிறான்.

வெளியாட்களுக்கு இது கிறுக்குத்தனம். தொழில் தெரிந்த ரசிகர்களுக்கோ தொடரின் மிகத் துல்லியமான இடங்களில் ஒன்று. இன்று 10 கோடி டாலர் மதிப்பு என்று எழுதிக்கொண்டு, அடுத்த சுற்றில் 6 கோடிக்கு இறங்க நேர்ந்தால், பழைய முதலீட்டாளரின் பாதுகாப்பு விதிகள் விழித்துக்கொள்ளும். நிறுவனரின் பங்கு கரையும். ஊழியர்களின் பங்கு உரிமைகள் செல்லாக் காசாகும். சூத்திரத்தையும் நிரலையும் பற்றி நடந்த சச்சரவுகளோடு ஒப்பிட்டால் இதைப் பற்றிய பேச்சு குறைவுதான். தொடர் எங்கே தவறவில்லையோ அங்கே விவாதம் சூடு பிடிக்கவில்லை. உண்மையில் அல்காரிதத்தைவிடப் பத்திரங்களில்தான் இந்தத் தொடர் கெட்டி.

அதே பருவத்தில் வரும் கோடீஸ்வரன் ரஸ் ஹானிமன், வருமானமே காட்டாதே என்று ரிச்சர்டுக்குப் பாடம் எடுக்கிறான். வருமானம் என்று ஒன்று இருந்தால் அது எவ்வளவு என்று கேட்பார்கள், எவ்வளவு இருந்தாலும் போதாது என்பார்கள். இல்லாதவரை கற்பனைக்கு எல்லையில்லை. கேலியாக எழுதப்பட்ட இந்த வசனத்தைத் தொழில் ஆலோசனையாகவே மேற்கோள் காட்டுபவர்கள் உண்டு.

2015 மே 31

ஹானிமன் தன் டெக்கிலா பாட்டிலை மடிக்கணினியின் மேல் வைக்கிறான். பாட்டிலின் அடிப்பகுதி டெலீட் பொத்தானின் மேல் உட்கார்ந்திருக்கிறது. பைட் பைப்பரின் வாடிக்கையாளர் நிறுவனத்தின் வீடியோக்கள் ஒன்றன்பின் ஒன்றாக அழிகின்றன. சர்வர் நிர்வாகிகள் இதை நகைச்சுவையாகப் பார்க்க மறுத்துவிட்டார்கள். அழிக்கும் அனுமதியை வெளியாளுக்கு யார் கொடுத்தது, உறுதிப்படுத்தும் கேள்வி ஏன் வரவில்லை, காப்புப்படி எங்கே என்று கேட்டார்கள். 2017 ஜனவரி 31 அன்று கிட்லேப் நிறுவனத்தில் ஒரு பொறியாளர் தவறான சர்வரில் அழிப்புக் கட்டளை கொடுத்து, காப்புப்படிகளும் கைகொடுக்காமல் சுமார் 6 மணி நேரத் தரவு தொலைந்தபோது, அந்தப் பாட்டிலுக்குக் கொஞ்சம் மரியாதை திரும்பியது.

2015 ஜூன் 14

ரிச்சர்டின் நிரல் தனக்கே சொந்தம் என்று ஹூலி தொடுத்த வழக்கில் தீர்ப்பு. ரிச்சர்ட் தன் நிரலைச் சொந்த நேரத்தில்தான் எழுதினான். ஆனால் ஒருமுறை ஹூலியின் கணினியில் சோதித்துப் பார்த்துவிட்டான். கலிஃபோர்னியாத் தொழிலாளர் சட்டத்தின் 2870ஆம் பிரிவு, சொந்த நேரத்தில் சொந்தக் கருவிகளால் செய்த கண்டுபிடிப்பைப் பொதுவாக ஊழியருக்கே விட்டுவிடுகிறது. நிறுவனத்தின் கருவியைத் தொட்டுவிட்டால் அந்தக் காப்பு போய்விடும். ஆகவே ஹூலிக்கே வெற்றி என்று தோன்றும் நேரத்தில் கதை திரும்புகிறது. ஹூலியின் வேலை ஒப்பந்தத்தில், வெளியேறியவர் போட்டி நிறுவனத்தில் சேரக்கூடாது என்ற தடை இருக்கிறது. கலிஃபோர்னியாவில் இத்தகைய தடை 1872 முதலே செல்லாது. அதனால் ஒப்பந்தம் முழுவதுமே செல்லாது என்று நடுவர் தீர்க்கிறார்.

சட்டம் படித்த ரசிகர்கள் முதல் பாதிக்குக் கைதட்டி, இரண்டாம் பாதியில் புருவம் உயர்த்தினார்கள். ஒரு பிரிவு சட்டவிரோதம் என்றால் அதை மட்டும் வெட்டிவிட்டு மற்றதைக் காப்பாற்றவே நீதிமன்றங்கள் பெரும்பாலும் பார்க்கும். கதாநாயகனுக்காக நடுவர் கொஞ்சம் தாராளமாக நடந்துகொண்டார் என்பதே பொதுக் கருத்து. தொடர் மீது வைக்கப்பட்ட ஆட்சேபங்களிலேயே கனமானது இதுதான்.

2016 மே 29

விவாதத் தீவிரத்தில் இந்த நாளை எதுவும் மிஞ்சவில்லை. நிரலின் வரிகளை உள்தள்ளி எழுத ரிச்சர்ட் டேப் பொத்தானைப் பயன்படுத்துகிறான். அவன் காதலி வின்னி ஸ்பேஸ் பட்டையைத் தட்டித் தட்டி நகர்த்துகிறாள். டக், டக், டக் என்ற சத்தம் பொறுக்காமல் அவன் உறவையே முறித்துக்கொள்கிறான்.

முதல் ஆட்சேபம் உடனே வந்தது: ஸ்பேஸ் விரும்பிகள் யாரும் அப்படித் தட்டுவதில்லை. டேப்பை அழுத்தினால் எடிட்டரே நான்கு ஸ்பேஸாக மாற்றிக்கொள்ளும். சத்தத்தை வைத்து யார் எந்தக் கட்சி என்று சொல்லவே முடியாது. இரண்டாவது ஆட்சேபம் இன்னும் குறும்பானது. டேப் வைத்தால் கோப்பு சிறியதாகும், நான் கம்ப்ரஷன் நிறுவனம் நடத்துபவன் என்று ரிச்சர்ட் வாதாடுகிறான். வரிசையாக வரும் ஒரே எழுத்தைச் சுருக்குவதுதானே எந்தக் கம்ப்ரஷன் நிரலுக்கும் முதல் பாடம்? உலகத்திலேயே ஸ்பேஸ்களைக் கண்டு அஞ்ச வேண்டாதவன் அவன் ஒருவன்தான்.

அந்த ஆண்டே பொதுவில் கிடைக்கும் சுமார் 100 கோடி நிரல் கோப்புகளை அலசிய ஒரு கணக்கெடுப்பில், பெரும்பாலான நிரல்மொழிகளில் ஸ்பேஸ் வென்றது. ‘கோ’ மொழிக்காரர்கள் டேப் பக்கம் நின்றார்கள். 2017இல் கேள்வி-பதில் தளமான ஸ்டாக் ஓவர்ஃப்ளோ தன் நிரலாளர் கருத்தாய்வை வைத்து, அனுபவம் போன்ற மற்றக் காரணிகளைக் கழித்த பின்பும் ஸ்பேஸ்காரர்களின் சம்பளம் 8.6 சதவீதம் கூடுதல் என்று வெளியிட்டது. ஏன் என்பதற்கு விளக்கம் இல்லை. டேப்காரர்கள் இதை ஏற்கவில்லை என்று சொல்லவும் வேண்டுமா?

2016 ஜூன் 19

பைட் பைப்பரை ஏராளமானோர் பதிவிறக்கியிருக்கிறார்கள். தினமும் பயன்படுத்துவோரோ மிகச் சிலர். வெள்ளோட்டத்துக்குப் பொறியாளர்களிடம் மட்டும் கொடுத்துப் பாராட்டு வாங்கிய பொருள், சாதாரண மக்களுக்குப் பிடிபடவேயில்லை. எண்ணிக்கையை ஏற்றிக்காட்ட, ரிச்சர்டின் வலக்கையும் நல்லவனுமான ஜாரெட் வங்கதேசத்திலிருந்து போலிப் பயனர்களை விலைக்கு வாங்குகிறான். சிரிப்புக் குறைவான அத்தியாயம் என்று சிலர் குறைப்பட்டார்கள். பொருள் செய்து விற்க முயன்று தோற்றவர்கள் இதைத்தான் ஆகச் சிறந்ததாகச் சொல்கிறார்கள்.

2017 மே 14

ரிச்சர்டோடு ஒரே வீட்டில் தங்கியிருக்கும் ஜியான் யாங் செய்த ஆப், காட்டும் உணவு ஹாட் டாகா இல்லையா என்று மட்டும் சொல்லும். பீட்சாவைக் காட்டினால் ‘ஹாட் டாக் அல்ல’. தொடர்க்காரர்கள் இதே ஆப்பை உண்மையிலேயே வெளியிட்டார்கள். கைப்பேசிக்குள்ளேயே, இணைய உதவியின்றி ஓடும் நரம்பியல் வலையமைப்பு அது. ஒற்றை மடிக்கணினியில் வெளிக் கிராஃபிக்ஸ் அட்டை ஒன்றை இணைத்து, சுமார் 1,50,000 படங்களைக் கொண்டு பயிற்றுவித்தார்கள். அவற்றில் ஹாட் டாக் படங்கள் 3,000 மட்டுமே. வேடிக்கை பார்க்க வந்தவர்கள் கெட்சப் ஊற்றிய எதையும் அது ஹாட் டாக் என்கிறதா என்று சோதித்தார்கள். பாடம் படிக்க வந்தவர்களுக்கு நல்ல செய்முறை கிடைத்தது.

அடுத்த வாரம், 21ஆம் தேதி, கேவின் பெல்சன் இளமை வேண்டி ஓர் இளைஞனின் ரத்தத்தை ஏற்றிக்கொள்கிறார். மிகை என்று இதைத் தள்ள முடியவில்லை. கலிஃபோர்னியாவில் அம்ப்ரோசியா என்ற நிறுவனம் 8,000 டாலருக்கு இளைஞர்களின் பிளாஸ்மாவை ஏற்றிக்கொண்டிருந்தது. 2019 பிப்ரவரியில் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் இத்தகைய சிகிச்சைகளுக்கு எதிராக எச்சரித்த பிறகே அது நிறுத்திக்கொண்டது.

2018 மார்ச் 25

ஐந்தாம் பருவம். நண்பர்கள் தங்கியிருந்த வீட்டின் சொந்தக்காரன் எர்லிக் பாக்மனாக நடித்த டி. ஜே. மில்லர் விலகியபின் வரும் முதல் பருவம். அவரில்லாமல் சுவை குறைந்தது என்போரும், ஒழுங்கு கூடியது என்போரும் சம பலம். அன்றைய பேச்சு அதைவிடப் பத்து விநாடித் தலைப்புக் காட்சியைப் பற்றியதாக இருந்தது. பொம்மை நகரம் போன்ற அந்தக் காட்சியில் நிறுவனங்களின் சின்னங்கள் எழும், சாயும்; பருவத்துக்குப் பருவம் மாறும். ரசிகர்கள் ஒவ்வொரு சட்டகமாக நிறுத்திப் பார்த்தபோது, ஃபேஸ்புக்கின் பெயர் ஒரு நொடி ரஷ்ய எழுத்தில் மின்னி மறைந்தது.

2019 டிசம்பர் 8

53ஆவது அத்தியாயத்தோடு தொடர் முடிகிறது. சிறந்த நகைச்சுவைத் தொடருக்கான எம்மி விருதுக்கு ஐந்து முறை முன்மொழியப்பட்டு ஒருமுறையும் வென்றதில்லை. பைட் பைப்பரின் செயற்கை நுண்ணறிவு, உலகின் குறியாக்கங்களையெல்லாம் உடைக்கும் ஆற்றல் பெற்றுவிடுகிறது. வெளியிட்டால் யாருக்கும் ரகசியம் மிஞ்சாது. நிறுத்தினால் வேறு யாராவது தொடர்வார்கள். ஆகவே எல்லார் முன்னிலையிலும் படுதோல்வி அடைவதென்று நண்பர்கள் தீர்மானிக்கிறார்கள். வெளியீட்டு நாளில் கைப்பேசிகள் எழுப்பும் ஒலி ஊரிலுள்ள எலிகளையெல்லாம் இழுத்து வருகிறது. எலிகளைக் குழலூதி இழுத்துச் சென்ற ஹாமலின் குழல்காரன் கதையிலிருந்து எடுத்த பெயர் கடைசியில்தான் தன் வேலையைக் காட்டுகிறது.

தொடரின் ரசிகர் என்று தன்னைச் சொல்லிக்கொண்ட பில் கேட்ஸ் இந்த அத்தியாயத்தில் பில் கேட்ஸாகவே தலைகாட்டுகிறார். முடிவு தைரியமானது என்றனர் பலர். வெற்றியைக் காட்டியே தீர வேண்டும் என்ற எதிர்பார்ப்பைத் தொடர் மறுத்தது அவர்களுக்குப் பிடித்திருந்தது. மற்றொரு சாரார் பழைய வழக்கப்படி நிறைகோலைத் தூக்கினார்கள். நடந்தது மென்பொருள் கோளாறு அல்ல, திட்டமிட்ட நாசவேலை. இயக்குநர் குழுவிடமோ பங்குதாரர்களிடமோ யாரும் அனுமதி வாங்கவில்லை. உண்மை வெளியே வந்தால் ரிச்சர்ட் மீது முதலீட்டாளர்கள் வழக்குப் போடலாமே, பத்தாண்டு கழித்து ஆவணப்படக் கேமரா முன் உட்கார்ந்து பழங்கதை பேசுகிறவனுக்கு வழக்கறிஞர் யாரும் புத்தி சொல்லவில்லையா என்று கேட்டார்கள்.