முருங்கை மரமும் மோட்டார் ரூம் கேமராவும்

வெள்ளாமை பாக்கறவனுக்கு சர்வர் எதுக்குன்னு டவுன்ல இருக்கற உங்களுக்குச் சிரிப்பு வரலாம். பெரிசா ஒண்ணுமில்லீங்க. மக காலேஜ் படிக்கறப்ப வாங்கின பழைய கம்ப்யூட்டர், அதுல 2 டிபி டிஸ்க் ஒண்ணு. மூணு கேமராப் படம் ராப்பகலா அதுல பதிவாகும். ஒரு கேமராவுக்கு ஒரு நாளைக்கு 20 ஜிபிக்குக் கொஞ்சம் மேல புடிக்குது, அதனால ஒரு மாசத்துப் படம் கையில இருக்கும். நெட் செத்துப் போனாலும் பதிவு நிக்காது. வெளியூர் கம்பெனிக்கு மாசக் காசு கட்டி அவன் இடத்துல போட்டு வச்சா, நெட் போற அன்னிக்கித்தான் திருடன் வருவான்.

கேமரா வச்சதே மோட்டார் ஒயருக்காகத்தான். எங்க பக்கம் கெணத்து மோட்டார் ஒயரை அறுத்துட்டுப் போயி செம்பை எடைக்குப் போட்டுடறாங்க. அப்புறம் இன்னொரு காரணமும் சேந்துக்கிச்சு. தோட்டத்துக்கு த்ரீ பேஸ் கரண்ட் முறை வச்சுத்தான் வரும். ராத்திரி முறைன்னா ராத்திரியில எந்திரிச்சுப் போயித் தண்ணி கட்டியாகணும். மேடை இல்லாத பழைய கெணறு, சுத்தியும் புல்லு, பாம்பு பூச்சி. நான் போனா திரும்பி வர்ற வரைக்கும் வீட்டுக்காரி போனைப் பாத்துக்கிட்டே உக்காந்திருக்கும். அந்தப் படம் நடுவுல நின்னு போச்சுன்னா அதுக்கு அன்னிக்கித் தூக்கம் இல்ல.

வீட்ல இருந்து மோட்டார் ரூம் 300 மீட்டர். நெட் கேபிள் 100 மீட்டருக்கு மேல இழுத்தா வேலைக்காகாது. அதனால வீட்டு மொட்டை மாடியில ஒரு சின்ன டிஷ், மோட்டார் ரூம் மேல பைப்பு நட்டு ஒரு டிஷ், ரெண்டும் ஒண்ணையொண்ணு பாத்துக்கிட்டு நிக்கும். அங்க கரண்டுக்கு ஒரு சோலார் தகடும் பேட்டரியும்.

மொதல்ல வந்த தொந்தரவு சின்னது. வீட்ல கரண்ட் போயி வந்தா கேமரா காணாமப் போயிடும். ரூட்டர் திரும்ப எந்திரிக்கறப்ப ஒவ்வொண்ணுக்கும் புதுசா ஐபி நம்பர் குடுக்குது, சர்வர் பழைய நம்பர்லயே கேமராவைத் தேடிக்கிட்டு இருக்குது. இந்தக் கேமராவுக்கு இந்த நம்பர்தான்னு ரூட்டர்லயே எழுதி வச்சதும் அது தீந்துச்சு.

ரெண்டாவது வந்ததுதான் ஆளை அலைய விட்டுச்சு. படம் விட்டு விட்டு வரும். சில நாள் நல்லா இருக்கும், சில நாள் ராத்திரியில அறவே இருக்காது. கடையில கேட்டா புதுக் கேமரா வாங்குங்கறாங்க. மக போன்ல, "சேனலை மாத்திப் பாருங்கப்பா, சாப்ட்வேர் அப்டேட் போடுங்கப்பா"ன்னுச்சு. ரெண்டும் போட்டாச்சு, அப்படியேதான் இருந்துச்சு.

நாங்க கீழ்பவானி பாசனம், கடைமடைக்குப் பக்கம். பவானிசாகர்ல இருந்து 200 கிலோமீட்டர் ஓடுற வாய்க்கா அது. நம்ம வயலுக்குத் தண்ணி வரலைன்னா வயல்லயே நின்னுக்கிட்டு இருந்தா ஆகுமா? மேல போயி ஒவ்வொரு மடையா நடந்து பாக்கணும், எது வரைக்கும் தண்ணி இருக்குதுன்னு. இங்கயும் அதையேதான் செஞ்சேன். பிங்னு ஒரு கட்டளை இருக்குது. "இருக்கியா"ன்னு கூப்பிட்டா அந்தப் பக்கத்து மிஷின் "இருக்கேன்"னு பதில் அனுப்பும், எத்தனை மில்லிசெகண்ட் ஆச்சுன்னும் காட்டும். மொதல்ல ரூட்டர், அப்புறம் மாடி டிஷ், அப்புறம் மோட்டார் ரூம் டிஷ், கடைசியா கேமரா. படம் நிக்கறப்பல்லாம் மாடி டிஷ் வரைக்கும் பதில் வந்துச்சு, அதுக்கு அங்குட்டு வரல. அப்ப கேமரா மேல குத்தமில்ல, ரெண்டு டிஷ்ஷுக்கும் நடுவுல இருக்கற வெறும் காத்துலதான் கோளாறு.

பால் கணக்கு நோட்டுல பின்பக்கம் பத்து நாளைக்கு எழுதினேன். எந்த நேரம், மழையா வெயிலா, பதில் வந்துச்சா வரலையான்னு. எழுதப் பத்து நாளாச்சு, புரிய ஒரு நிமிஷம்தான். மழை பேஞ்சா இல்ல. பனி விழுகற விடியக்காலம் இல்ல. வெயில் ஏறி 9 மணியாச்சுன்னா தானா வந்துடுது. மாடியில ஏறி நின்னு மோட்டார் ரூமைப் பாத்தேன். டிஷ் மாட்டறப்ப இடுப்பு உசரம் இருந்த முருங்கை இப்ப ரெண்டு ஆள் உசரம். டிஷ் பேசிக்கற 5 கிகாஹெர்ட்ஸ் அலைக்கு ஈரம் ஆகாது, நனைஞ்ச இலை அதை முழுங்கிடும். கண்ணுக்கு எதிர் டிஷ் தெரியுதே, மரம் ஓரமாத்தானே நிக்குதுன்னு விட முடியாது. அலை நூல் மாதிரிப் போறதில்ல, நடுவுல பெருத்த வெள்ளரிக்கா மாதிரிப் போகுது. 300 மீட்டர் தூரத்துக்கு நட்ட நடுவுல சுத்தியும் ஒரு 6 அடியாவது காலியா இருக்கணும்.

மரமோ பங்காளி வரப்புல நிக்குது. வரப்புத் தகராறுல எங்களுக்குள்ள பேச்சு நின்னு நாலு வருசம் ஆச்சு. இதுக்கு எந்த சாப்ட்வேர்லயும் அப்டேட் கிடையாது! வீட்டுக்காரிதான் போயி, "அக்கா, ராத்திரி இவரு கெணத்துப் பக்கம் போறது தெரிய மாட்டேங்குது, ரெண்டு கெளை கழிச்சுக்கட்டுமா"ன்னு கேட்டுச்சு. "அதுக்கென்னடி, எப்படியும் கவாத்துப் பண்ற மரந்தான், கீரையும் எடுத்துட்டுப் போ"ன்னு பதில் வந்துச்சு. அன்னிக்கி ராத்திரியில இருந்து படம் நிக்கல. முருங்கை மூணு மாசத்துல திரும்பத் தழைஞ்சுடும்னு பைப்பையும் 6 அடி ஏத்தி வச்சிருக்கேன். பங்காளி இன்னும் பேசல. பொம்பளைங்க பேசிக்கறாங்க.

மூணாவது, பெங்களூர்ல இருக்கற மகளுக்கும் படம் தெரியணும். ரூட்டர்ல போர்ட் பார்வர்டிங்னு ஒண்ணு இருக்குது, வெளியில இருந்து வர்றவங்களை இன்ன மிஷினுக்கு அனுப்புன்னு சொல்லி வைக்கறது. சரியா எழுதி வச்சும் மகளால உள்ள வர முடியல. ரூட்டருக்குள்ள போயிப் பாத்தா வெளி ஐபி 100.72ன்னு ஆரம்பிக்குது. கூகுள்ல "என் ஐபி என்ன"ன்னு கேட்டா வேற நம்பர் காட்டுது. உங்க வீட்லயும் இந்த ரெண்டும் ஒத்துப் போகலைன்னா விஷயம் இதுதான்: ஐபி நம்பர் பழைய முறையில உலகத்துக்கே மொத்தம் 430 கோடிதான். பத்தாததால, ஏகப்பட்ட வீடுகளை ஒரே கதவு நம்பருக்குப் பின்னாடி நெட் கம்பெனிக்காரங்க அடைச்சிருக்காங்க. 100.64ல இருந்து 100.127 வரைக்கும் இதுக்குன்னே 2012ல ஒதுக்கின நம்பர். நம்ம வீட்டுக் கதவைத் தொறந்து வச்சு என்ன பண்றது, தெருக் கேட்டுச் சாவி அவங்க கையில.

உள்ள இருந்து வெளிய போறதுக்கு மட்டும் தடை கிடையாது. டெயில்ஸ்கேல்னு ஒரு சாப்ட்வேரை சர்வர்லயும் மக போன்லயும் போட்டோம். ரெண்டும் அவங்கவங்க பக்கத்துல இருந்து வெளிய வந்து சந்திச்சுக்குது, நடுவுல யாரும் படிக்க முடியாதபடி பூட்டுப் போட்டுத்தான் பேசிக்குது. கேமராவை ஊருக்கே தொறந்து வைக்கறதை விட எனக்கு இதுதான் நல்லதாப் படுது. கம்பெனி போட்டுக் குடுத்த பாஸ்வேர்டையே மாத்தாம விட்ட கேமராவைத் தேடிக்கிட்டே திரியறதுக்குன்னு ஆளுங்க இருக்காங்க.

போன வாரம் ராத்திரி 11 மணிக்கு மோட்டார் போடப் போனப்ப போன் அடிச்சுச்சு. வீட்டுக்காரின்னு எடுத்தா, மக.

"அப்பா, டார்ச் லைட் எங்க? செல்போன் வெளிச்சத்துலயா கெணத்தோரம் நடப்பீங்க?"

டார்ச்சுக்கு புது பேட்டரி வாங்கிட்டேன்ங்க.