கரியடுப்புக்கு இரண்டு ஜோடிக் கையுறை

கரியடுப்பில் கோழி சுடுகிறவரிடம் எந்தக் கையுறை நல்லது என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் டிகிரிக் கணக்குதான் சொல்வார். 500 தாங்கும், 800 தாங்கும் என்று அட்டையில் அச்சடித்திருப்பதைத்தான் அவரும் சொல்வார். அந்த எண்ணை மட்டும் வைத்து நான் கையுறை வாங்குவதில்லை. அந்தச் சூட்டை எத்தனை விநாடி தாங்கும் என்று சொல்லாத கையுறையால் எனக்குப் பயனில்லை.

வேப்பம்பட்டில் எங்கள் அடுப்பு முழுச் சூட்டுக்கு வருவது சாயங்காலம், திருவள்ளூர் போகும் மின்ரயில்கள் ஆட்களை இறக்கிவிடும் நேரத்தில். அம்பத்தூர், ஆவடி வேலை முடித்து வருகிறவர்கள் வீட்டுக்கு வாங்கிப் போவார்கள். எரிப்பது சீமைக்கருவேலங்கரி, ராமநாதபுரம், விருதுநகர்ப் பக்கம் மூட்டம் போட்டு எடுப்பது. ஊதிவிட்டால் கனலின் சூடு 700 டிகிரியைத் தாண்டும். ஆனால் கை அந்தக் கனலைத் தொடுவதில்லை. கம்பியின் பிடி, வலைத்தட்டின் விளிம்பு, தந்தூரி அடுப்பின் வாய், இவற்றைத்தான் தொடுகிறது. இவற்றின் சூடு கனலில் பாதிகூட இராது. பிடித்திருக்கும் நேரம்தான் அதிகம். ஒரு கம்பியை உருவி, கோழியைத் திருப்பிப் பார்த்து, நெய் தடவி, மறுபடி உள்ளே இறக்குவதற்குள் பத்துப் பதினைந்து விநாடி ஓடிவிடும். 60 டிகிரிச் சூடு ஐந்து விநாடி பட்டாலே தோல் வெந்துவிடும். 70 என்றால் ஒரு விநாடி போதும்.

விநாடியைப் பார்க்க எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் அம்பத்தூர் எஸ்டேட்டில் வார்ப்படப் பட்டறையில் வேலை பார்த்த பக்கத்து வீட்டு அண்ணன். “தம்பி, படத்தைப் பாக்காத. தீ மாதிரி ஒரு முத்திரை இருக்கும், அதுக்குக் கீழ இருக்கிற எண்ணைப் பாரு” என்றார். அது ஐரோப்பியத் தர முத்திரை, இ.என். 407. கீழே ஆறு இடங்கள். முதல் இடம், தீப்பிடித்தால் எவ்வளவு சீக்கிரம் அணைகிறது என்பது. அடுப்புக்காரருக்கு உயிரான எண் இரண்டாவது. சூடான பொருளைத் தொட்டால் எவ்வளவு தாங்கும் என்பது. அதில் 1 என்றால் 100 டிகிரி, 2 என்றால் 250, 3 என்றால் 350, 4 என்றால் 500. அந்தச் சூட்டைத் தொட்டபடி இருந்தால் கையுறையின் உள்பக்கம் 10 டிகிரி ஏற 15 விநாடியாவது ஆக வேண்டும். அதுதான் தேர்வு. எண்ணுக்குப் பதில் எக்ஸ் என்று இருந்தால் அந்தச் சோதனை நடக்கவில்லை என்று பொருள். தந்தூரி, கரியடுப்பு வேலைக்கு இரண்டாவது இடத்தில் 3-க்குக் குறைந்து நான் வாங்குவதில்லை.

பாரிமுனையில் லிங்கிச் செட்டித் தெருப் பக்கம் போனால் வெல்டிங் கையுறை மலிவாகக் கிடைக்கும். தடித்த தோல், முழங்கை வரை நீளம். பொறி தெறித்தாலும் அனல் அடித்தாலும் அதுபோல் தாங்குவது வேறில்லை. கரியைக் கொட்ட, தட்டைத் தூக்கி வைக்க, சாம்பலை வார அதைத்தான் போடுகிறோம். உணவுப் பக்கம் அதைக் கொண்டுவருவது தவறு. அநேகமாக அது குரோமியத்தில் பதனிட்ட தோல். சோப்புப் போட்டுக் கழுவ முடியாது. ஊறிய மசாலா உள்ளேயே அழுகும். பழைய சரக்கில் ஆஸ்பெஸ்டாஸ் நெய்த கையுறை கண்ணில் பட்டால் சும்மா கொடுத்தாலும் வேண்டாம். அதன் தூசு புற்றுநோய் தரும்.

பின்னல் கையுறைகளில் அராமிட் நூல் சிறந்தது. கெவ்லார் அந்த வகைதான். 1965-இல் டுபான்ட் கம்பெனியில் ஸ்டெபானி குவாலெக் என்ற வேதியியலாளர் கண்டுபிடித்தது. நைலான்போல உருகிக் கையில் ஒட்டாது. உள்ளே பருத்தி, வெளியே அராமிட், பிடிமானத்துக்கு சிலிகான் கோடு. கம்பி பிடிக்க இதுவே போதும், உலர்ந்திருந்தால்.

ஈரம்தான் இதன் எமன். பின்னல் கையுறையில் நம்மைக் காப்பது நூலோடு சேர்ந்து அதனிடையே நிற்கும் காற்று. நனைந்தால் அந்த இடத்தில் தண்ணீர் உட்கார்ந்துவிடும். காற்றைவிடத் தண்ணீர் ஏறக்குறைய 25 மடங்கு வேகமாகச் சூட்டைக் கடத்தும். அது ஆவியானால் கழற்றுவதற்குள் விரல் வெந்துவிடும். தயிர் மசாலா, எலுமிச்சைச் சாறு, சொட்டும் கொழுப்பு, நெற்றி வியர்வையைத் துடைத்த ஈரம் எல்லாமே ஆபத்து. எண்ணெய் ஊறினால் தீயும் பிடிக்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் இரவு முழுக்கத் தொங்கவிட்டாலும் காயாது. அதனால்தான் இரண்டு ஜோடி. ஒன்று கையில், ஒன்று காய்ச்சலில். காயப்போடுவதும் நிழலில்தான், கெவ்லார் வெயிலில் நைந்துபோகும். பிளீச்சிங் படக்கூடாது.

சுட்ட கறியைப் பிய்க்க, எலும்பெடுக்க இது எதுவும் ஆகாது. அங்கே உள்ளே மெல்லிய பருத்திக் கையுறை, மேலே நைட்ரைல். கோழி உள்ளே 74 டிகிரி தொட்டால் வெந்தது. அந்தச் சூட்டைப் பருத்தி தாங்கிக்கொள்ளும், எண்ணெயை நைட்ரைல் தடுக்கும். இதோடு தீப்பக்கம் திரும்பக் கூடாது. பொட்டலக் கடைகளில் மாட்டும் பாலிதீன் உறை 110 டிகிரிக்கெல்லாம் உருகிவிடும். பச்சைக் கறி தொட்ட நைட்ரைலைக் கழற்றி எறிந்துவிட்டுத்தான் வெந்த கறியைத் தொட வேண்டும். பணம் வாங்கினாலும் போன் எடுத்தாலும் மாற்ற வேண்டும். கையுறை கையைத்தான் காக்கிறது. மாற்றாவிட்டால் சாப்பிடுகிறவரைக் காக்காது.

சிலிகான் கையுறை ஆவிக்கு நல்லது. பிரியாணி தேக்சா மூடி திறக்க, கொதிக்கும் சூப்பை இறக்க வைத்துக்கொள்ளலாம். 230 டிகிரிக்கு மேல் அதை நம்பாதீர்கள். விரலில் உணர்வும் இராது.

அளவு விஷயத்தில் கறாராக இருங்கள். கையை ஒரு உதறு உதறினால் கழன்று விழ வேண்டும். இறுக்கமாக இருந்தால் காற்றுக்கு இடமில்லை. சூடான கையுறை கழலவும் செய்யாது. ‘ஃப்ரீ சைஸ்’ பெரும்பாலும் பெரிய கைக்கு வெட்டியது. மெல்லிய கைப் பையன்களுக்கு விரல்நுனி தொங்கும், கம்பி நழுவும். தந்தூரிக்கு முன்கையை மூடும் நீளம் வேண்டும். மேசைக் கரியடுப்புக்கு மணிக்கட்டுக்கு மேல் நான்கு விரல் போதும். ஓட்டை விழுந்தாலோ, கருகி விறைத்தாலோ தூக்கிப்போடுங்கள். தைத்துப் போட்டால் தையல்நூல் முதலில் எரியும்.

கடை நடத்துபவர்களிடம் ஒரு வேண்டுகோள். அடுப்பில் நிற்பது பெரும்பாலும் ஊரை விட்டு வந்த பிள்ளைகள். கரித்துணியை மடித்துக் கொடுத்துவிட்டுப் பிடித்துக்கொள் என்று சொல்லாதீர்கள். ஆளுக்கு இரண்டு ஜோடி வாங்கிக் கொடுங்கள், கூலியில் பிடிக்காதீர்கள். அடுப்புக்குப் பக்கத்தில் குழாய் இருக்கட்டும். சுட்டுவிட்டால் பற்பசையும் மையும் ஐஸும் வேண்டாம். இருபது நிமிடம் ஓடும் தண்ணீரில் கையைக் காட்டச் சொல்லுங்கள். கொப்பளம் பெரிதானால் தாமதிக்காமல் மருத்துவமனைக்குக் கூட்டிப் போங்கள். கீழ்ப்பாக்கம் அரசு மருத்துவமனையில் தீக்காயத்துக்கென்றே தனிப் பிரிவு இருக்கிறது.