நூன் ஒலிக்காத சிறுவன்

திருக்குர்ஆன் ஓதக் கற்பிப்பவனுக்குக் கண்ணைவிடக் காதே பெரிய கருவி. முப்பது ஆண்டுகளுக்கு மேலாகச் சிறுவர்களின் குரலைக் கேட்டுப் பழகிய என் காது, சில ஆண்டுகளுக்கு முன் ஒரு குறையைச் சரியாகவே கேட்டது. அதற்கு நான் கண்ட காரணம்தான் பிழையாகப் போயிற்று.

மேலப்பாளையத்தில் என்னிடம் ஓத வந்த ஏழு வயதுச் சிறுவன் அவன். எழுத்துகளைக் காட்டினால் தவறாமல் சொல்வான். ஆனால் குன்னா மட்டும் வராது. மீமும் நூனும் ஷத்துப் பெற்று வரும் இடங்களில் ஒலியை இரண்டு ஹரகத் அளவு மூக்கில் நிறுத்தி ஒலிக்க வேண்டும் அல்லவா? அவன் வாயில் மீம் பகரம்போல முட்டி நிற்கும். நூன் தகரம்போல மழுங்கிவிடும். உதடுகள் வெடித்திருக்கும். பாடத்தின் நடுவே தூங்கி விழுவான். எந்நேரமும் வாய் திறந்தே இருக்கும்.

“வாயை மூடு, ஈ புகுந்துவிடும்” என்றேன் ஒருநாள், எல்லாப் பிள்ளைகளும் கேட்க. பிள்ளைகள் சிரித்தார்கள். அவன் வாயை மூடினான். சற்று நேரத்தில் முகம் சிவக்க மீண்டும் திறந்தான். அதைப் பிடிவாதம் என்று எண்ணிப் பிரம்பையும் ஓங்கினேன்.

ஹிஜ்ரி 833இல் (கி.பி. 1429) மறைந்த இமாம் இப்னுல் ஜஸரீ அவர்கள் எழுத்துகளின் பிறப்பிடங்களைப் பதினேழாக வகுத்து, குன்னாவுக்கு உரிய இடம் ‘கைஷூம்’ எனப்படும் மூக்கின் உட்பகுதி என்றார்கள். நம் பவணந்தி முனிவரும் நன்னூலில் மெல்லினத்திற்கு மூக்கையே இடமாகக் காட்டினார். இவ்விரண்டையும் பாடமாகச் சொல்லிக் கொடுத்தவன் நான். மூக்கு அடைபட்ட பிள்ளைக்கு அந்தப் பிறப்பிடமே பூட்டிக் கிடக்கிறது என்பது எனக்குத் தோன்றவில்லை. வாசகர்கள் மூக்கை விரல்களால் அழுத்திப் பிடித்துக்கொண்டு ‘உம்மா’ என்று அழைத்துப் பார்க்கட்டும். அவன் பட்ட பாடு விளங்கும்.

பிறகு ஒருநாள் அவனுடைய தாயார் வந்தார். “ஹஜ்ரத், ராத்திரி இவன் குறட்டை விடுதான். நடுவுல மூச்சு நின்னுபோய், பொறவு திணறி முழிக்கான். எனக்குப் பயமாயிருக்கு. ஓதி ஊதி விடுங்க” என்றார். ஓதி ஊதினேன். ‘மூச்சு நின்றுபோய்’ என்ற சொல் மட்டும் நெஞ்சைத் தைத்தது. “பாளையங்கோட்டைக்கு அழைத்துப் போய்க் காது, மூக்கு, தொண்டை மருத்துவரிடம் இந்த வாரமே காட்டுங்கள், தாயே” என்றேன்.

மூக்கின் பின்புறம், அண்ணத்திற்கு மேலே, அடினாய்டு என்னும் சதை மிகுதியாக வளர்ந்து வழியை அடைத்திருந்தது. செவிப்பறைக்குப் பின்னால் நீர் கோத்துக் கேள்வியும் சற்று மந்தமாகியிருந்தது. அழைத்தும் திரும்பாதவன் என்று அவன் வாங்கிய திட்டுகளுக்கு அதுவே காரணம்.

இந்தச் சதை வளர்ச்சியை 1868இல் மருத்துவ உலகிற்கு விரிவாக எடுத்துரைத்தவர் கோபன்ஹேகன் நகர மருத்துவர் வில்ஹெல்ம் மேயர். நோயாளிகளின் பேச்சில் மூக்கொலி செத்துக் கிடப்பதைக் கவனித்து, அண்ணத்தின் பின்னே விரலை நுழைத்துத் தடவிக் கண்டறிந்தார். அவரும் என்னைப்போல் காதால்தான் கேட்டார். ஆனால் கேட்டதும் காரணம் தேடினார்.

வாயால் மூச்சு விடுவதற்குக் காரணம் இது ஒன்றே அன்று. பெருத்த டான்சில், வளைந்த மூக்குத் தண்டு, ஒவ்வாமைச் சளி, வெறும் பழக்கம் எனப் பல உண்டு. நம் தாமிரபரணிக் கரையில் ஒவ்வாமைக்குப் பஞ்சமில்லை. ஆடி மாதத்து மேல்காற்றுப் புழுதி, அறுவடைக் காலத்து வைக்கோல் தூசி, பீடி சுற்றும் வீடுகளின் புகையிலைத் தூள், கொசுவர்த்திப் புகை, பழந்தலையணையின் தூசி ஆகியவற்றில் எதுவும் பிள்ளையின் மூக்கை அடைக்கலாம்.

மூக்கு, காற்றை வடிகட்டி, வெதுவெதுப்பாக்கி, ஈரப்படுத்தி அனுப்புகிறது. வாய்க்கு அந்த ஏற்பாடு இல்லை. வாய் உலர்வதால் பல் சொத்தையும் ஈறு வீக்கமும் எளிதில் வரும். அண்ணத்தைத் தொட்டிருக்க வேண்டிய நாக்கு கீழே தங்கிவிடுவதால், வளரும் வயதில் மேலண்ணம் குறுகி உயர்ந்து, பற்கள் நெருக்கி, முகம் நீண்டுபோகலாம். இரவில் மூச்சு தடைப்பட்டால் உறக்கம் கெடும். பகலில் சோர்வும் கவனக்குறைவும் தொடரும்.

அடினாய்டு பொதுவாகப் பருவ வயதை ஒட்டித் தானே சுருங்கும். அடைப்பு இலேசாக இருந்தால் மருத்துவர் பொறுத்துப் பார்ப்பார். மூக்கில் தெளிக்கும் மருந்து தருவார். மூச்சுத் தடை கடுமையானால் சதையை அகற்றுவார். பல் வரிசைக்குப் பல் மருத்துவர் வேண்டும். வழி திறந்த பின்னும் பழக்கம் நீடிக்கலாம். உதடு மூடி மூச்சுவிடப் பயிற்சி தேவைப்படும். கடைச் சொட்டுமருந்தை நாள்கணக்கில் தாமாக விட்டால் அடைப்பு முன்னிலும் அதிகமாகும். பிள்ளையின் வாயில் ஒட்டுத்தாள் ஒட்டுவது அபாயம். ஒளூவில் மூக்கிற்கு நீர் செலுத்துவது தூய்மை தரும். வளர்ந்த சதையை அது கரைக்காது. திறந்த வாயெல்லாம் நோயும் அன்று. மூக்கின் கீழே சிறு கண்ணாடியைப் பிடித்தால், மூக்கால் மூச்சு விடும் பிள்ளைக்கு அதில் ஆவி படியும். ஆயினும் குறட்டையும் பகல் தூக்கமும் சேர்ந்திருந்தால் கண்ணாடியோடு நின்றுவிடக் கூடாது.

அறுவைச் சிகிச்சை முடிந்து சில வாரங்களுக்குப் பின் அவன் மீண்டும் வந்தான். முன்பு சிரித்த அதே பிள்ளைகளின் முன்னால், “தவறு என்னுடையது” என்று அவனிடம் சொன்னேன். அவன் தலை கவிழ்ந்து நின்றான். குன்னா உடனே வந்துவிடவில்லை. இரண்டு மாதம் பழகினான். ஒரு காலை நேரத்தில் நூன் முழுதாக, இரண்டு ஹரகத் அளவும் நின்று ஒலித்தது.

இப்போதெல்லாம் புதிய பிள்ளை வந்தமர்ந்தால், அலிஃபைக் காட்டுவதற்கு முன் அது எப்படி மூச்சு விடுகிறது என்று சிறிது நேரம் பார்க்கிறேன்.