வழுக்க வேண்டும்... ஆனால், விலகக் கூடாது!

பனியில் ஓடும் வண்டிக்குச் சக்கரம் கிடையாது. அதற்குப் பதிலாக, அடியில் இரண்டு நீளமான சட்டங்கள் இருக்கும். முன்பக்கம் படகின் மூக்கைப்போல மேல்நோக்கி வளைந்திருக்கும் இந்தச் சட்டங்களுக்கு 'ரன்னர்' என்று பெயர். நாய்கள் இழுக்கும் ஸ்லெட்ஜ், குதிரை இழுக்கும் பனிவண்டி, குழந்தைகள் மேட்டிலிருந்து சறுக்கி விளையாடும் சின்ன ஸ்லெட் என எல்லாவற்றுக்கும் கால்கள் இவைதாம்.

இந்தக் கால்களுக்கு இரண்டு வேலைகள். முன்னோக்கி எவ்வளவு முடியுமோ அவ்வளவு வழுக்க வேண்டும். பக்கவாட்டில் கொஞ்சமும் வழுக்கக் கூடாது. நன்றாக இழைத்து, மழமழவென்று மெருகேற்றிய ரன்னர் முதல் வேலையை அருமையாகச் செய்துவிடும். சரிவான இடத்தைக் குறுக்கே கடக்கும்போதும், வளைவில் திரும்பும்போதும்தான் வம்பு. பாசி படிந்த படித்துறையில் கால் வைத்தவர்களுக்குத் தெரியும், வழுக்கல் திசை பார்த்து வருவதில்லை. வண்டி முன்னே போவதை விட்டுவிட்டு, வாலைச் சுழற்றிக்கொண்டு பக்கவாட்டில் போக ஆரம்பிக்கும். அப்புறம் அது எங்கே போய் நிற்கும் என்பது ஓட்டுபவர் கையில் இல்லை.

விளையாட்டு மைதானத்தில் இது சிரித்துவிட்டுப் போகிற விஷயம். கிரீன்லாந்தில் அப்படியில்லை. 1888-ல் நார்வேயைச் சேர்ந்த ஃப்ரிட்யோஃப் நான்சென் உட்பட ஆறு பேர், அந்தத் தீவின் உள்நாட்டுப் பனிப்பரப்பைக் கிழக்கிலிருந்து மேற்காகக் கடந்தார்கள். உணவு, கூடாரம், கருவிகள் எல்லாம் ஸ்லெட்ஜ்களில்தான் இருந்தன. அவற்றை இழுத்ததும் அவர்களே. வழியில் பனிப்பிளவுகளும் இருந்தன. பிளவின் ஓரமாகப் போகும்போது பாரம் ஏற்றிய ஸ்லெட்ஜ் பக்கவாட்டில் சரிந்தால், இடுப்பில் கயிறு கட்டி இழுத்துக்கொண்டிருக்கும் ஆளையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போய்விடும்.

நான்சென் தன் ஸ்லெட்ஜ்களுக்கு, மெத்தென்ற பனியில் புதையாமல் இருக்க, பனிச்சறுக்குப் பலகையைப்போல அகலமான ரன்னர்களை வைத்தார். ஆனால், அகலமான ரன்னர் கெட்டியான பனிக்கட்டியில் ஏறியதும் நாலா பக்கமும் அலைபாயும். அதனால் ரன்னரின் அடியில், நடுவே நீளவாக்கில் ஓர் ஒல்லியான எஃகுப் பட்டையையும் சேர்த்தார். மெத்தென்ற பனியில் அகலம் தாங்கும். கெட்டிப் பனியில் பட்டை கீறிக்கொண்டு நேராக ஓடும். படகின் அடியில் நீண்டிருக்கும் முதுகுக்கட்டை, படகைப் பக்கவாட்டில் ஒதுங்கவிடாமல் காப்பதும் இதே முறையில்தான்.

அடுத்த ஆண்டே, 1889-ல், அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியாவில் சாமுவேல் லீட்ஸ் ஆலன் என்பவர் வேறொரு கவலையிலிருந்து இதே இடத்துக்கு வந்து சேர்ந்தார். அவருடைய தொழிற்சாலை விதை விதைக்கும் கருவிகளைத் தயாரித்தது. விவசாயக் கருவிகளுக்குப் பருவம் முடிந்தால் விற்பனை படுத்துவிடும். தொழிலாளர்களுக்கு வேலை இருக்காது. அந்த மாதங்களிலும் பட்டறை ஓட வேண்டும் என்றால் குளிர்காலத்தில் விற்கிற பொருள் ஒன்று வேண்டும். குழந்தைகளின் ஸ்லெட்டை எடுத்துக்கொண்டார் ஆலன்.

அந்நாளைய ஸ்லெட்டில் ரன்னர்கள் வளையாத விறைப்பான சட்டங்கள். திரும்ப வேண்டுமென்றால் ஒரு காலைப் பின்னால் தரையில் தேய்க்க வேண்டும். ஷூவும் தேயும், வேகமும் போகும். ஆலன் மெல்லிய, வளையக்கூடிய எஃகில் ரன்னர் செய்து, முன்னால் ஒரு குறுக்குச் சட்டத்தை வைத்தார். குப்புறப் படுத்திருக்கும் பிள்ளை அதைக் கையால் ஒரு பக்கம் தள்ளினால், இரண்டு ரன்னர்களும் அந்தப் பக்கம் வளையும்; வண்டியும் திரும்பும். 'ஃப்ளெக்ஸிபிள் ஃப்ளையர்' என்ற பெயரில் அது பல தலைமுறை அமெரிக்கக் குழந்தைகளின் குளிர்காலத் தோழனாக இருந்தது.

ரன்னர் வளைந்தால் மட்டும் வண்டி திரும்பிவிடாது. வளைந்த ரன்னர் பனியைப் பிடித்துக்கொள்ளவும் வேண்டும். பிடிப்பு இல்லையென்றால், ஸ்டீயரிங்கை எவ்வளவு ஒடித்தாலும் எண்ணெய் கொட்டிய சாலையில் கார் நேராகவே போவதைப்போல, ஸ்லெட்டும் தன் போக்கில் போகும். இதற்காகத்தான், பின்னாளில் வந்த மாடல்களில் ரன்னரின் அடிப்பகுதியைக் குழிவாக ஆக்கினார்கள்.

ஒரு சின்னப் பள்ளம் என்ன செய்துவிடும்? அடிப்பகுதி தட்டையாக இருந்தால், மொத்த எடையும் அகலமாகப் பரவி, ரன்னர் பனியின் மேலேயே மிதக்கும். நடுவே குழி விழுந்ததும் அதே எடை இரண்டு ஓர விளிம்புகளின் மீது குவிகிறது. விளிம்புகள் பனியில் மெல்லிய இரண்டு கோடுகளைக் கீறுகின்றன. ரன்னரின் முன்பகுதி கீறிய தடத்திலேயே பின்பகுதி ஓடுவதால், முன்னே போவதற்குப் பெரிய தடையில்லை. பக்கவாட்டில் நகர வேண்டுமென்றால், அந்தத் தடத்தின் பனிச்சுவரை முழு நீளத்துக்கும் உடைத்தாக வேண்டும். அது எளிதில் நடக்காது. ஐஸ் ஸ்கேட்டிங் காலணியின் பிளேடிலும் இதே குழிவு உண்டு. விலங்கின் எலும்பை அடியில் கட்டிச் சறுக்கிய பழங்காலத்தில் இப்படிக் கூரான விளிம்பு கிடையாது. காலை உதைத்து முன்னேற முடியாமல், கையில் கோலை வைத்து ஊன்றித் தள்ளினார்கள்.

விளிம்பு இருந்தால் போதாது, அது மழுங்காமலும் இருக்க வேண்டும். ஆஸ்திரியாவின் சால்ஸ்பர்க் நகரைச் சேர்ந்த ருடால்ஃப் லெட்னர், மலையேற்றத்தில் ஆர்வம் உள்ளவர். 1917-ல் கெட்டிப் பனிச் சரிவில் அவருடைய மரச் சறுக்குப் பலகைகள் பிடிப்பிழந்தன. கீழே போய்க்கொண்டிருந்த அவரைக் கையிலிருந்த கோலின் உலோக முனைதான் காப்பாற்றியது. மர விளிம்பு தேய்ந்து உருண்டு போயிருந்த இடத்தில், சிறு உலோக முனை பிடித்து நிறுத்தியதை அவர் மறக்கவில்லை. பலகையின் ஓரங்களில் எஃகுத் துண்டுகளைத் திருகாணியால் பொருத்திப் பார்த்தார். ஒரே நீளப் பட்டையாக வைத்தால் பலகை வளையாது என்பதால் துண்டு துண்டாக வைத்தார். 1926-ல் அதற்குக் காப்புரிமையும் வாங்கினார். இன்று மலைச்சரிவில் சறுக்குவதற்கான பலகையைத் திருப்பிப் பார்த்தால், ஓரத்தில் எஃகு மின்னும்.

பிடிப்புக்கும் ஒரு விலை உண்டு. விளிம்பு பனியைக் கீறக் கீற, வேகம் குறையும். குளிர்கால ஒலிம்பிக்கில் 'ஸ்கெலிட்டன்' போட்டி நடக்கும்போது கவனித்தால் தெரியும். தலை முன்னால் இருக்க, குப்புறப் படுத்தபடி வீரர்கள் மணிக்கு 130 கிலோமீட்டர் வேகத்தில் பனிக்குழாயில் பாய்கிறார்கள். அந்த ஸ்லெட்டின் ரன்னர் உருண்டையான எஃகுக் கம்பி. முன்பகுதி வழவழப்பாக இருக்கும். பின்பகுதியில் மட்டும் காடி வெட்டிக் கூரான விளிம்பு எடுத்திருப்பார்கள். வீரர் தோளாலும் முழங்காலாலும் லேசாக அழுத்தினால் அது பனியைக் கவ்வும். காடி ஆழமாக இருந்தால் வண்டி சொன்னபடி கேட்கும், நேரம் கூடும். ஆழம் குறைந்தால் வேகம் வரும், சுவரில் மோதும் ஆபத்தும் கூடவே வரும்.

அமெரிக்க மரவெட்டிகள் வேறு வழி கண்டுபிடித்தார்கள். 19-ம் நூற்றாண்டின் கடைசியில், விஸ்கான்சின், மின்னசோட்டா காடுகளில் மலைபோலக் கட்டைகளை அடுக்கிய பனிவண்டிகளைக் குதிரைகள் இழுத்தன. ரன்னரோடு மல்லுக்கட்டுவதைவிட, அவர்கள் பாதையை மாற்றினார்கள். பாதையில் ரன்னர் ஓடுவதற்கென்றே இரண்டு பள்ளங்களை வெட்டி, தண்ணீர் தெளித்து உறையவிட்டார்கள். தண்டவாளத்தில் ரயில் ஓடுவதைப்போல வண்டி அந்தத் தடத்திலேயே ஓடியது. இறக்கத்தில் வண்டி குதிரைகளின் மேல் ஏறிவிடக் கூடாதே என்று, அங்கே மட்டும் வைக்கோலைத் தூவி வைத்தார்கள்.

இன்று கடைகளில் கிடைக்கும் குழந்தைகளுக்கான ஸ்லெட்கள் பலவற்றில் ரன்னரே இல்லை. தட்டு போன்ற பிளாஸ்டிக்தான். அது எந்தப் பக்கமும் போகும், சுழன்றுகொண்டும் போகும். மேட்டின் அடியில் மரமோ வேலியோ இருந்தால், திரும்ப வழியில்லை. கனடா போன்ற நாடுகளில் வாழும் தமிழ்க் குடும்பங்கள் பிள்ளைகளுக்கு ஸ்லெட் வாங்கும்போது, திருப்ப முடிகிறதா என்று முதலில் பார்ப்பது நல்லது. பழைய ரன்னர் ஸ்லெட் வீட்டில் இருந்தால், ஒவ்வொரு குளிர்காலமும் அதைக் கவிழ்த்துப் போட்டுப் பார்க்க வேண்டும். துரு இருந்தால் தேய்த்து எடுக்க வேண்டும். உருண்டு போன விளிம்பை அரத்தால் லேசாகச் சதுரமாக்கலாம். கத்திபோலத் தீட்டிவிடக் கூடாது. விழுந்த பிள்ளையின் மேல் ஏறினால் வெட்டிவிடும். இரண்டு ரன்னர்களுக்கும் நடுவிலுள்ள இடைவெளி முன்னும் பின்னும் ஒரே அளவா என்று டேப் வைத்து அளக்க வேண்டும். கோணலாக இருந்தால், எவ்வளவு தீட்டினாலும் வண்டி ஒரு பக்கமாகவே இழுக்கும்.

மேட்டின் உச்சியில் குப்புறப் படுக்கிற பிள்ளை இதையெல்லாம் பார்க்கப்போவதில்லை. ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு, "தள்ளுங்கப்பா!" என்று கத்தும். அதைத் தள்ளிவிடும் அப்பாவுக்குத்தான், விளிம்பு சரியாக இருக்கிறது என்ற தைரியம் வேண்டும்.