மறுபாதி மற்றவர் கையில்

விளையாட்டு என்றவுடன் திடலும் பந்தும் வெற்றி தோல்வியுமே பலர் நினைவுக்கு வருகின்றன. எழுதுகோலும் தாளும் மட்டுமே கொண்டு ஆடப்பெறும் விளையாட்டும் ஒன்று உண்டு. சிலர் ஒன்றுகூடி ஒரு கற்பனை நாட்டை வகுத்துக்கொள்கின்றனர். ஒவ்வொருவரும் அந்நாட்டு மாந்தருள் ஒருவராகத் தம்மைப் பாவித்துக்கொள்கின்றனர். தம் மாந்தர் சொல்வதையும் செய்வதையும் ஒருவர் எழுதி அனுப்ப, மற்றவர் தம் மாந்தரின் வாயால் விடை எழுத, கதை ஓரடி முன்னே நகர்கிறது. அதன் முடிவு யாதென எழுதுவோருள் எவருக்கும் தெரியாது.

அஞ்சல்வழி விளையாட்டுகள் சென்ற நூற்றாண்டில் மேலைநாடுகளில் பெருகின. 1959-இல் வெளிவந்த 'டிப்ளமசி' என்னும் பலகை விளையாட்டை, 1963-இல் அமெரிக்காவில் சிலர் மடல்கள் வாயிலாக ஆடத் தொடங்கினர். 1970-இல் ரிக் லூமிஸ் என்பவர் அஞ்சல்வழி விளையாட்டை நடத்துவதையே தொழிலாக மேற்கொண்டார். 1974-இல் வெளிவந்த 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' ஆளுக்கொரு மாந்தரை ஏற்று ஆடும் முறையைப் பரப்பியது. இன்று மடலின் இடத்தைக் கணினி எடுத்துக்கொண்டது. ஆயினும், தொடங்குமுன் கூடிப் பேசித் திட்டமிட வேண்டியவை மாறவில்லை. நாடு எது, காலம் எது, யார் எந்த மாந்தர், எத்தனை நாளுக்குள் விடை வரவேண்டும், பிணக்கு எழுந்தால் நடுவர் யார் என்பன முதலில் முடிவு செய்யப்பெறும்.

இவை அனைத்தினும் தலையாய விதி ஒன்றுண்டு. ஒருவர் ஏற்ற மாந்தரை மற்றவர் அசைத்தல் ஆகாது. 'நான் வாளை ஓங்கினேன்' என எழுதலாம். 'நீ வீழ்ந்தாய்' என எழுதுதல் கூடாது. வீழ்வதா விலகுவதா என்பதை முடிவு செய்யும் உரிமை எதிர்நிற்பவருடையது. கதையில் பாதியே ஒருவர் கையில் உள்ளது. மறுபாதி மற்றவர் கையில் உள்ளது. கேட்பதற்கு எளிதாகத் தோன்றும் இவ்விதி கடைப்பிடிப்பதற்கு எத்துணை அரிது என்பதை, ஏறத்தாழ இருநூறு ஆண்டுகளுக்கு முன் இங்கிலாந்தின் வடபகுதியில் வாழ்ந்த நான்கு பிள்ளைகளின் வாழ்க்கை காட்டுகிறது.

யார்க்‌ஷயரில் ஹாவர்த் என்னும் மலைச்சிற்றூர். அங்கே சமயகுருவாக இருந்தவர் பாட்ரிக் பிராண்டே. அவர் மனைவி 1821-இல் மறைந்தார். மூத்த பெண்கள் இருவரும் 1825-இல் ஒருவர்பின் ஒருவராக இறந்தனர். எஞ்சியவர் நால்வர்: சார்லட், பிரான்வெல், எமிலி, ஆன். 1826 சூன் திங்களில் தந்தையார் லீட்ஸ் நகருக்குச் சென்று திரும்புகையில், மகன் பிரான்வெலுக்காக மரத்தாலான பன்னிரண்டு போர்வீரர் பொம்மைகளை வாங்கிவந்தார். மறுநாட் காலையில் பிரான்வெல் அப்பெட்டியோடு சகோதரிகளின் அறைவாயிலில் வந்து நின்றான். படுக்கையிலிருந்து துள்ளி எழுந்த சார்லட் ஒரு பொம்மையைப் பற்றி, 'இவரே வெலிங்டன் கோமகன்' என்றாள். பிரான்வெல் தன் வீரனுக்குப் போனபார்ட் எனப் பெயரிட்டான். தங்கையர் இருவரும் ஆளுக்கொரு வீரனை எடுத்துக்கொண்டனர்.

அடுத்த ஆண்டு திசம்பரில் நடந்த நிகழ்ச்சியைச் சார்லட்டே பின்னர் எழுதிவைத்துள்ளார். பனிக்காலத்து இரவு. பிள்ளைகள் சமையலறை அடுப்பைச் சூழ்ந்து அமர்ந்திருந்தனர். மெழுகுவத்தி ஏற்றவேண்டும் எனப் பிள்ளைகள் கேட்க, முதிய பணியாளராகிய டாபி மறுத்துவிட்டார். வாக்குவாதத்தில் வென்றவர் டாபியே, வத்தி வரவில்லை. நெடுநேரம் பேச்சில்லை. என்ன செய்வதென்றே தெரியவில்லை எனப் பிரான்வெல் சலித்துக்கொண்டான். எமிலியும் ஆனும் அதையே திருப்பிச் சொன்னார்கள். 'போய்ப் படுங்கள்' என்றார் டாபி. அப்பொழுதுதான் சார்லட், 'நம் ஒவ்வொருவருக்கும் ஒரு தீவு இருந்தால் எப்படி?' எனக் கேட்டாள்.

அவ்வளவே. அடுப்பங்கரை இருளில் நாடுகள் பிறந்தன. பிரான்வெல் மான் தீவைக் கேட்டான். சார்லட் வைட் தீவைக் கேட்டாள். எமிலி அரன் தீவையும், ஆன் கெர்ன்சித் தீவையும் தமதாக்கிக்கொண்டனர். பிறகு தத்தம் தீவில் வாழவேண்டிய பெருமக்களைத் தேர்ந்தனர். எமிலி வால்டர் ஸ்காட்டைத் தேர்ந்தாள். சார்லட் வழக்கம்போல் வெலிங்டனையும் அவர் மைந்தரையும் எடுத்துக்கொண்டாள். பிரான்வெல் புகழ்பெற்ற அறுவை மருத்துவரான ஆஸ்ட்லி கூப்பரைச் சேர்த்தான். ஏழே வயதான ஆன் தன் தீவுக்கும் ஒரு மருத்துவர் வேண்டுமென எண்ணினாள் போலும். ஹென்றி ஹால்ஃபர்டு அவள் தீவுக்கு வந்து சேர்ந்தார். கடிகாரம் ஏழு அடித்தது, படுக்கைக்கு அனுப்பப்பட்டார்கள். மறுநாள் மேலும் பல பெயர்களைச் சேர்த்தார்கள்.

இத்திட்டத்தில் காணத்தக்க சிறப்பு ஒன்றுண்டு. கடைக்குட்டி என்பதற்காக ஆனுக்கு மூத்தவர் எவரும் தீவைத் தேர்ந்து கொடுக்கவில்லை. அவள் தீவை அவளே சொன்னாள். கூட்டு விளையாட்டின் முதல் அறம் இதுவே. நால்வரும் தத்தமக்குரிய பூதத் தலைவராகத் தம்மையே கதைக்குள் அமைத்துக்கொண்டனர். பிரானி, டாலி, எமி, ஆனி என்பன அப்பூதங்களின் பெயர்கள். போரில் மாண்டவரை மீண்டும் எழுப்பும் ஆற்றல் இவர்களுக்கு இருந்தது. ஒருவர் கொன்றாரேனும் மற்றவர் உயிர்ப்பிக்கலாம். பிள்ளைகள் கண்ட நடுவர் மன்றம் இது என்னலாம்.

அவர்கள் எழுதிய ஏடுகளும் வியப்புக்குரியன. பொம்மை வீரர்கள் படிப்பதற்கென்றே உருவானமையால், சில ஏடுகள் தீப்பெட்டியினும் பெரியன அல்ல. எறும்பு ஊர்ந்தாற்போன்ற எழுத்துகள். 1830-இல் சார்லட் இவ்வாறு செய்த சிறு தாளிகை ஒன்றை ஹாவர்த்திலுள்ள பிராண்டே அருங்காட்சியகத்தார் 2019-இல் பாரிசு நகரில் ஏலத்தில் எடுத்தனர்.

இக்கற்பனையின் குறையையும் மறைத்தல் முறையன்று. பன்னிரு வீரரும் கப்பலேறிச் சென்று கண்ணாடி நகரத்தை நிறுவிய இடம் மேற்கு ஆப்பிரிக்கா. அங்கு வாழ்ந்த அசாந்தி மக்கள் வெல்லப்படுவோராகவே கதையில் வருகின்றனர். வெலிங்டனால் வளர்க்கப்பட்ட அசாந்தி இளவரசன் குவாசியா கலகக்காரனாகவே காட்டப்படுகிறான். அவனுக்காகப் பேச அந்த அடுப்பங்கரையில் ஒருவரும் அமர்ந்திருக்கவில்லை. திட்டமிடும் அவையில் இடம்பெறாதவரின் கதையை மற்றவரே எழுதிவிடுவர் என்பதைக் குடியேற்ற ஆட்சியின் கீழ் வாழ்ந்த மக்களுக்கு எவரும் எடுத்துரைக்க வேண்டியதில்லை.

1831 சனவரியில் சார்லட் ரோ ஹெட் என்னும் பள்ளிக்குப் படிக்கச் சென்றாள். தமக்கை இல்லாத அக்காலத்தில், எமிலியும் ஆனும் கண்ணாடி நகரத்தை விட்டு விலகிக் கோண்டல் என்னும் தனிநாட்டைப் படைத்துக்கொண்டனர். வட பசிபிக் கடலில் ஒரு தீவாக அதை அமைத்தார்கள். பழைய நாட்டில் போர்களையும் அரசியலையும் முன்நின்று நடத்தியவர் மூத்தவர் இருவரே. பூதத் தலைவர் என்னும் பட்டம் இளையோருக்கும் இருந்தது; ஆயினும் தம் விருப்பப்படி கதை நகரும் இடம் வேறாகவே வேண்டியிருந்தது. பட்டம் வேறு, பங்கு வேறு என்பதைக் குழுவேலை தரும் ஆசிரியர் அறிதல் நலம்.

மூத்தவர் இருவரும் 1834-இல் ஆங்கிரியா என்னும் பேரரசை நிறுவினர். அதன் மன்னன் ஜமோர்னா சார்லட்டின் படைப்பு. அவனுக்கு மாமனும் பகைவனுமாகிய நார்த்தாங்கர்லாந்து பிரான்வெலின் படைப்பு. மாமனின் மகளும் மன்னனின் மனைவியுமாகிய மேரி இருவருக்கும் பொது.

1835-இல் சார்லட் அதே ரோ ஹெட் பள்ளிக்கு ஆசிரியராகத் திரும்பினார். இருபது வயதைத் தொடும் இளம் ஆசிரியருக்குப் பகலெல்லாம் வகுப்பு, மாலையிலும் மாணவியரின் பாடத்திருத்தம். எழுத நேரமில்லை. கதை முழுவதும் ஊரிலிருந்த தம்பியின் கைக்குச் சென்றது. தம்பியின் மடலுக்காகக் காத்திருப்பதே அவருக்கு வாழ்க்கையாயிற்று. நார்த்தாங்கர்லாந்து தன் மகளுக்கு எழுதுவதாகப் பிரான்வெல் எழுதியனுப்பிய மடல் ஒன்று தம்மை எவ்வாறு ஆட்கொண்டது என்பதைச் சார்லட் தம் குறிப்புகளில் பதிந்துள்ளார். அஞ்சல்வழிக் கூட்டுக்கதை என்று இன்று வழங்குவது இதுவேயன்றோ!

1836-இல் பிரான்வெல் கதையை உள்நாட்டுப் போருக்குள் தள்ளினான். மாமனைப் பழிவாங்க எண்ணிய மன்னன், ஒரு குற்றமும் அறியாத மேரியைத் தள்ளிவைக்கிறான். அவள் ஏங்கி மெலிகிறாள். பள்ளியில் இருந்த சார்லட்டுக்குச் செய்தி முழுமையாக எட்டவில்லை. தம்பி அவளை உண்மையாகவே கொன்றுவிட்டானோ என்ற ஐயம் அவரை வாட்டியது. இறந்தாளா, எந்த இரவில் இறந்தாள், அருகில் யார் இருந்தார் என்றெல்லாம் எண்ணி மறுகினார். சுற்றிலும் மாணவியர், மனத்திலோ இழவு வீடு. கற்பனைப் பெண் ஒருத்திக்காக இத்துணைத் துயரா என எள்ளுதல் எளிது. பொதுவான ஒருத்தியின் முடிவைத் தம்மைக் கேளாமலே ஒருவன் எழுதிவிட்டான் என்பதன்றோ அங்கே நேர்ந்தது! சார்லட் பின்னர் எழுதிய கதையில், மேரி இறக்கவில்லை எனக் காட்டி அவளை மீட்டார். சிறுமியாக இருந்தபோது பூதத்திற்கு இருந்த பழைய உரிமையைக் கடைசியாக ஒருமுறை பயன்படுத்தினார் போலும். 1839 அளவில் ஆங்கிரியாவிடம் விடைபெறுவதாகவும் எழுதினார்.

இளையோரின் கோண்டலோ நின்றபாடில்லை. 1845 சூன் 30-ஆம் நாள் எமிலியும் ஆனும் யார்க் நகரப் பயணம் தொடங்கினர். இருவர் மட்டும் சேர்ந்து சென்ற முதல் நெடும்பயணம் அது. எமிலிக்கு இருபத்தேழு வயது நிரம்ப ஒரு திங்களே இருந்தது, ஆனுக்கு இருபத்தைந்து. அப்பயணத்தில் அவர்கள் பிராண்டே சகோதரியராக இல்லை. கல்விக்கூடத்து அரண்மனைகளிலிருந்து தப்பி, அரசர் பக்கத்துப் படையில் சேர ஓடும் கோண்டல் மாந்தராகவே இருந்தனர்.

அடுத்த திங்களின் இறுதியில், தம் வழக்கப்படி இருவரும் தனித்தனியே நாட்குறிப்புத் தாள் எழுதினர். பின்னொரு நாள் திறந்து பார்ப்பதற்காக மடித்து வைக்கப்பெறும் தாள்கள் அவை. கோண்டல் முன்போலவே ஒளியோடு விளங்குகிறது என்றார் எமிலி. விளையாடுவதற்கேற்ற நல்ல நிலையில் கோண்டல் மக்கள் இல்லை என்று எழுதி, இனியேனும் நிலை திருந்துமோ என ஐயுற்றார் ஆன். ஒரே பயணம், ஒரே ஆட்டம், இருவேறு மனம். ஆனுக்கு ஆர்வம் குறைந்திருந்தது. ஆயினும் தமக்கையின் மகிழ்ச்சிக்காக யார்க் செல்லும் வழியெல்லாம் அவர் தம் பங்கை ஆடினார் என்றே கொள்ளத் தோன்றுகிறது. தம் பாதியை எழுதி முடித்து மற்றவருக்காகக் காத்திருத்தல் ஒரு பண்பு என்றால், மற்றவர் காத்திருக்கிறார் என அறிந்து சோர்விலும் தம் பாதியை நிறைவு செய்தல் அதனினும் உயர்ந்த பண்பாகும்.

பிரான்வெல் 1848 செப்டம்பரிலும், எமிலி அதே ஆண்டு திசம்பரிலும், ஆன் 1849 மே திங்களிலும் மறைந்தனர். சார்லட் ஒருவரே எஞ்சினார். எமிலி எழுதிய கோண்டல் கவிதைகள் கிடைத்துள்ளன. இருவரும் எழுதிய உரைநடைக் கதைகளோ ஒரு பக்கமும் இன்று இல்லை. பெயர்கள் இருக்கின்றன, பாடல்கள் இருக்கின்றன, அவற்றைக் கோத்து நின்ற கதையை முழுமையாகச் சொல்ல எவருமில்லை. இருவர் நெஞ்சில் பகிர்ந்து வைத்தது இருவரோடும் சென்றது.

'ஜேன் அயர்', 'வதரிங் ஹைட்ஸ்' போன்ற 1847-ஆம் ஆண்டுப் புதினங்களை உலகம் போற்றுகிறது. அவற்றை எழுதிய கைகள் பயின்ற பள்ளி அந்த அடுப்பங்கரையே. கட்டுரைப் பாடத்தில் மாணவர் நால்வரை ஒரு கதைக்கு அமர்த்தும் ஆசிரியர், அன்றைய இரவை நினைவிற் கொள்ளலாம். தீவை அவரவரே தேரட்டும். ஒருவன் மாந்தரை மற்றவன் கொல்லாதிருக்கட்டும். நன்றாக எழுதும் மாணவன் நான்கு பங்கையும் தானே எழுதிவிட முனைவான். அவனைத் தடுத்து, அடுத்தவனுக்காக ஒரு பக்கத்தை வெறுமையாக விடச் சொல்லுதல் வேண்டும். அப்பக்கம் ஒரு வாரம் வெறுமையாகவே இருக்கக்கூடும். எழுதத் தயங்கும் மாணவன் அதில் இரண்டு வரி எழுதி வரும் நாளில், அவன் எழுத்துப் பிழையைத் திருத்துமுன், அவ்விரண்டு வரிகளுக்குப் பின் கதை எத்திசையில் திரும்பியது என்பதை வகுப்பு முழுவதும் கேட்கட்டும்.