எண்ணித் தைத்த போர்வை

நீலகிரியின் உச்சியில், உதகமண்டலத்தைச் சூழ்ந்த புல்வெளிகளில், தங்கள் எருமைகளோடு பல நூற்றாண்டுகளாக வாழ்ந்துவரும் தோடர்களைப் பற்றி நம்மவர் எழுதியவையும் மேனாட்டார் எழுதியவையும் ஏராளமாக இருந்தபோதிலும், அவற்றுள் பெரும்பகுதி அவர்களுடைய பால்மனைக் கோயில்களையும் எருமைச் சடங்குகளையும் ஈமக் கிரியைகளையும் பற்றியனவே. அச்சடங்குகள் எல்லாவற்றிலும் அம்மக்களின் தோள்களைப் போர்த்தியிருக்கும் ஒரு துணியைப் பற்றியும், அதிலே சிவப்பும் கறுப்புமான கம்பளி நூலால் பூவேலை செய்யும் பெண்களைப் பற்றியும் நின்று நிதானித்துப் பேசியவர்கள் மிகச் சிலர். 1901, 1902 ஆண்டுகளில் இம்மலையில் தங்கி ஆராய்ந்த ரிவர்ஸ் என்ற ஆங்கிலேயர் 1906-ல் வெளியிட்ட பெருநூல் எழுநூறு பக்கங்களுக்கு மேற்பட்டது; ஆயினும் தையலுக்கு அதில் கிடைத்த இடம் சிறியதே. சடங்கை நடத்துகிறவர்கள் ஆண்கள். துணியைத் தைக்கிறவர்கள் பெண்கள். வந்து விசாரித்தவர்கள் யாரிடம் விசாரித்தார்கள் என்பதை இதிலிருந்தே ஒருவாறு ஊகிக்கலாம் என்பது என் அபிப்பிராயம்.

தைப்பதைக் கண்ணால் காண வேண்டும் என்ற விருப்பம் எனக்கு நெடுநாளாக இருந்தது. உதகையில் ஆசிரியையாக இருக்கும் ஒரு சிநேகிதி, தம்மிடம் படித்த பெண் ஒருத்தியின் குடும்பம் வாழும் மந்துக்கு என்னை அழைத்துச் சென்றார். மந்து என்பது தோடர் குடியிருப்பு. சில வீடுகள், ஓர் எருமைத் தொழுவம், சற்று எட்ட ஒரு கோயில், சுற்றிலும் புல்தரை, அவ்வளவே. பிரம்பும் மூங்கிலும் வளைத்துப் புல் வேய்ந்த, குனிந்து தவழ்ந்து நுழையவேண்டிய வாயிலுள்ள பழைய அரைவட்டக் கூரை வீடு ஒன்று அங்கே இன்னும் பேணப்பட்டு வந்தது. குடும்பங்கள் வசிப்பதென்னவோ அரசாங்கம் கட்டித்தந்த காரை வீடுகளில்தான். தை மாதத்துக் காலை. இரவு விழுந்த உறைபனி புல்லின்மேல் உருகிக்கொண்டிருக்க, வெயில் விழும் பக்கமாகப் பாய் விரித்து மூன்று தலைமுறைப் பெண்கள் அமர்ந்திருந்தார்கள். தையல் வேலை வீட்டுக்குள் நடப்பதில்லை. இழையை எண்ணவேண்டிய வேலைக்கு வெளிச்சம் வேண்டும். அதனால் மழைக்காலத்து மேகமூட்டத்தில் ஊசி பல நாள் சும்மா இருக்கும் என்று அவர்களுள் மூத்தவரின் மருமகள் சொன்னாள்.

மூத்தவர் மடியில் இருந்தது பூத்துக்குளி என்னும் தோடர் போர்வை. மங்கிய வெண்மையான முரட்டுப் பருத்தித் துணி. அதன் ஓரங்களில் நெசவிலேயே சிவப்புப் பட்டையும் கறுப்புப் பட்டையும் இடைவெளி விட்டு ஓடுகின்றன. அந்தப் பட்டைகளுக்கு இடைப்பட்ட வெள்ளை நிலந்தான் பூவேலைக்கு உரிய இடம். துணியை இரட்டையாக மடித்துத் தைப்பதனால் மார்புப் பக்கம் பை போன்ற ஓர் உறை அமைகிறது. கையில் உள்ளதை ஆண்கள் அதிலே போட்டுக்கொள்வார்கள். இந்தத் துணியைத் தோடர்கள் நெய்வதில்லை. சமவெளி நெசவாளர் நெய்ததைக் கடைகளில் வாங்குகிறார்கள். நூலையும் அவர்கள் நூற்பதில்லை; ஆடு வளர்க்காத மக்கள் அவர்கள், எருமை ஒன்றே அவர்களுடைய செல்வம். உதகைக் கடைத்தெருவில் கழிகழியாகத் தொங்கும் உல்லன் நூலைத்தான், சிவப்பும் கறுப்புமாகப் பொறுக்கி வாங்கி வருகிறார்கள். அதிலும் இப்போது பெரும்பாலானது அக்ரிலிக் நூல். ஊசியோ எந்தக் கடையிலும் கிடைக்கும் தடித்த ஊசி. துணி, நூல், ஊசி ஆகிய மூன்றும் வெளியிலிருந்து வந்தும், முடிந்த போர்வையை உலகில் எங்கே கண்டாலும் இது தோடப் பெண்ணின் கை என்று ஐயமறச் சொல்லிவிடலாம் என்றால், அந்த வித்தை முழுவதும் பொருளில் இல்லாமல் எண்ணிக்கையிலேயே குடிகொண்டிருக்கிறது என்பதை அன்று பிரத்தியட்சமாகக் கண்டேன்.

எண்ணிக்கை என்று நான் சொல்வதைச் சற்று விளக்கவேண்டும். பூவேலைக்கு வட்டச் சட்டம் கிடையாது. பென்சில் கோடு கிடையாது. முன்மாதிரியாகத் தாளில் வரைந்துவைத்த படமும் கிடையாது. துணியின் பாவையும் ஊடையையும் இழை இழையாக எண்ணி, இத்தனை இழைக்கு மேலே, இத்தனை இழைக்குக் கீழே என்று ஊசியை நேர்கோட்டில் ஓட்டிக்கொண்டு போகிறார்கள். அடுத்த வரிசையில் ஓரிழை தள்ளித் தொடங்க, அதற்கடுத்த வரிசையில் இன்னும் ஓரிழை தள்ள, சாய்வுக் கோடு பிறக்கிறது. இரண்டு சாய்வு சந்திக்கும் இடத்தில் முக்கோணமும், முக்கோணங்கள் சேருமிடத்தில் வைரமும் பெட்டியும் எழுகின்றன. மேலும், தைப்பது துணியின் பின்புறத்தை மேலே வைத்துக்கொண்டு. உருவம் மறுபுறத்தில் வளர்கிறது. தம் கண்ணுக்குத் தெரியாத பக்கத்தில் சித்திரம் பிழையின்றி அமையுமாறு, தெரிகிற பக்கத்தில் விரல் எண்ணிக்கொண்டிருக்கிறது. வாசலில் புள்ளி வைக்கும் நம் வீட்டுப் பெண் பதினைந்து புள்ளிக் கோலத்தை மனத்தில் நிறுத்தி இழைப்பதற்கு இதை ஒருவாறு ஒப்பிடலாம்.

வரிசை திரும்பும் இடங்களில் நூலை இறுக இழுக்காமல் சிறிது மேலே எழும்ப விடுகிறார்கள். அந்தச் சிறு குமிழ்களால் தையலுக்கு ஒரு புடைப்பும், தடவினால் விரலுக்கு ஒரு சொரசொரப்பும் உண்டாகின்றன. தூரத்திலிருந்து பார்ப்பவர், இது தறியில் நெய்த சித்திரம் என்றே நினைப்பார். அருகில் வந்து தொட்டால்தான் ஊசி வேலை என்று புலப்படும். இருபுறமும் உடுத்தத் தக்கதாகப் போர்வை அமைவது இவர்களுக்குத் தனிப் பெருமை. துணியைப் புரட்டிக் காட்டிய மூதாட்டி, "எந்தப் பக்கம் வேணும்னாலும் போட்டுக்கலாம் அம்மா" என்றார். அந்தச் சொல்லில் இருந்த திருப்தியை நான் மறப்பதற்கில்லை.

உருவங்களின் தொகை அதிகமில்லை. எருமைக் கொம்பு, ஓரத்தில் வரும் முயல் காது, சூரியன், சந்திரன், பாம்பு, மயில், அணில், பெட்டிக்குள் பெட்டி என்று தாயிடம் மகள் கற்றவையே திரும்பத் திரும்ப வருகின்றன. கறுப்பு முக்கோணங்களைப் பெட்டிக்குள் அடக்கிய ஒன்றைத் தங்கள் ஆதிப் பூசாரியின் நினைவாகத் தைப்பதாகச் சொல்கிறார்கள். எருமை என்றால் எருமையின் படம் அல்ல. இழைக் கணக்குக்குள் அடங்கக்கூடிய கொம்பின் வளைவு மட்டுமே. வட்டத்தை எண்ணிக்கையால் தைக்க முடியாது என்பதனால் சூரியனும் கோணமாகவே உதிக்கிறான். இந்தக் கட்டுப்பாட்டைக் குறையென்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை; கட்டுப்பாட்டுக்குள் நின்று பெற்ற கம்பீரமே இந்தத் தையலின் அழகு.

"யாருக்கு அம்மா இது?" என்று கேட்டேன்.

"மருமகளுக்குத்தான். வில் கொடுக்கிற நாள் வருது" என்றார்.

தோடர் சம்பிரதாயத்தில் கருவுற்ற மனைவிக்குக் கணவன் குச்சியால் வளைத்த சிறு வில்லும் அம்பும் கொடுக்கும் சடங்கு ஒன்று உண்டு. வயிற்றிலுள்ள குழந்தைக்குத் தந்தை இன்னார் என்று உலகறிய நிச்சயிப்பது அதுவே. உறவினர் அனைவரும் கூடும் அந்நாளில், வெண்ணெய் தடவிச் சுருள் சுருளாக முறுக்கிவிட்ட கூந்தலோடு, புதுப் பூத்துக்குளி போர்த்தி அந்தப் பெண் வந்து நிற்பாள். பெரியவர்களின் காலடியில் தலை தாழ்த்துவாள். அவர்கள் தங்கள் பாதத்தை உயர்த்தி அவள் தலையில் வைத்து வாழ்த்துவார்கள். மாமியார் பல வாரங்களாக, சமையலுக்கும் காய்கறித் தோட்ட வேலைக்கும் இடையில் கிடைத்த வெயில் நேரத்தில் எல்லாம் எண்ணிக்கொண்டிருந்தது அந்த ஒரு நாளுக்காகவே. மருமகள் பக்கத்தில் அமர்ந்து வேறொரு துணியில் ஊசி ஓட்டிக்கொண்டிருந்தாள். தனக்காகத் தயாராகும் போர்வையை அவள் ஏறிட்டுப் பார்க்கவில்லை.

வீட்டுக்குள் அழைத்துச் சென்று தகரப் பெட்டியைத் திறந்து மற்றொரு போர்வையையும் காட்டினார்கள். நான் அன்று கண்டவற்றுள் மிகவும் அடர்ந்த வேலைப்பாடு உள்ளது அதுதான். வெள்ளை நிலமே தெரியாதபடி சிவப்பும் கறுப்பும் நெருங்கிக் கிடந்தன. "இது எனக்கு. கடைசியில் சுத்துறதுக்கு" என்று மூதாட்டி சர்வசாதாரணமாகச் சொன்னார். இறந்தவருடைய உடலைப் பூத்துக்குளியில் சுற்றி அனுப்புவதும், சம்பந்தி வீட்டார் துணி கொண்டுவந்து சாத்துவதும் அவர்களிடையே தவறாத கடமைகள். எரிந்துபோகப் போகும் துணிக்கா இத்தனை சிரத்தை என்று நாம் கேட்போம். அவர்களுடைய கணக்கு வேறு: பார்க்கிறவர்கள் தம் குலத்தார், அவர்களில் ஒவ்வொரு பெண்ணுக்கும் இழை எண்ணத் தெரியும், ஓர் இழை தவறியிருந்தாலும் அந்தச் சபையில் தெரிந்துவிடும். இவ்வளவு தேர்ந்த ரசிகர்கள் எந்தக் கடைத்தெருவில் கிடைப்பார்கள்?

கடைத்தெருவைப் பற்றியும் சொல்லத்தான் வேண்டும். மருமகள் தைத்துக்கொண்டிருந்தது விற்பனைக்கான ஒரு மேசை விரிப்பு. தோள்பை, திண்டு உறை, கைப்பேசி உறை என்று சிறு சிறு பொருள்களாகவும் இப்போது தைத்துக் கடைகளுக்கும் பூம்புகார் போன்ற கைவினை விற்பனை நிலையங்களுக்கும் கொடுக்கிறார்கள். தோடர் நலவாழ்வு சங்கமும், கோத்தகிரியிலுள்ள கீஸ்டோன் அறக்கட்டளையும், பூம்புகாரும் சேர்ந்து முயன்றதன் பயனாக 2013-ல் இத்தையலுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. இயந்திரத்தில் அடித்த போலிகளை இப்பெயரால் விற்பதைச் சட்டப்படி தடுக்க அது ஓர் ஆயுதம். கற்பூர மரமும் சீகை மரமும் தேயிலையும் புல்வெளிகளை விழுங்கி, எருமை மேய்ச்சல் குறுகி, மந்தைகள் சிறுத்துவிட்ட பிறகு, ஏறத்தாழ 2,000 பேரே உள்ள ஒரு சமூகத்தின் பெண்களுக்கு வீட்டில் இருந்தபடியே வருவாய் தரும் வழியை எவரும் குறைத்துப் பேசலாகாது. பேத்தியின் கல்லூரிச் செலவில் ஒரு பகுதி ஊசியால் வந்தது என்று அவர்கள் வாயிலாகவே கேட்டேன்.

ஆயினும் ஒன்றை நான் அழுத்தமாகக் கூறவேண்டியவளாக இருக்கிறேன். கைப்பேசி உறைக்கு ஒரே உருவம் போதும். அதையே நூறு முறை தைத்தாலும் அந்த ஒன்றுதான் கைவரும். முழுப் போர்வைக்கோ பட்டைக்குப் பட்டை உருவம் மாறவேண்டும். ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு இழைக் கணக்குப் பிசகாமல் கடக்கவேண்டும். துணி முடியும் ஓரத்தில் உருவமும் முழுமையாக முடியுமாறு முதல் ஊசி குத்தும்போதே தீர்மானித்திருக்கவேண்டும். இந்தக் கல்வி சொந்த ஜனங்களுக்காகத் தைக்கும் போர்வையில்தான் நடக்கிறது. விலைக்குத் தைப்பவள் வாங்குகிறவர் கேட்கும் நீலத்தையும் பச்சையையும் கேட்ட அளவில் தைத்துக் கொடுத்துவிடலாம். மருமகளுக்கும் மகனுக்கும் தைப்பவள் அப்படிச் செய்வதற்கில்லை. ஆகவே இக்கலையின் க்ஷேமத்தை அறிய விரும்புகிறவர்கள், கடைகளில் எத்தனை பை விற்றது என்று கணக்கெடுப்பதைக் காட்டிலும், மார்கழி, தை மாதங்களில் முத்தநாடு மந்தில் மூன்போ என்னும் கூம்புக் கோயிலின்முன் மொற்பர்த் பண்டிகைக்காகக் கூடும் ஆடவர்களின் தோள்களைப் பார்ப்பது உசிதம். அந்தக் கோயிலை அணுகும் உரிமை பெண்களுக்கு இல்லை. அவர்கள் எண்ணிய இழைகள் அங்கே போய் நிற்கின்றன.

கல்லூரியில் படிக்கும் பேத்தி விடுமுறைக்கு வந்திருந்தாள். அவளுக்கும் தைக்கத் தெரியும். ஆனால் பாட்டியின் வேகம் இல்லை, வரிசைக்கு வரிசை நின்று சரிபார்த்தாள். பாட்டி தம் மொழியில் ஏதோ சொல்ல, அவள் தைத்ததில் பாதியைப் பிரித்துவிட்டு மீண்டும் தொடங்கினாள். கடிந்துகொண்டதாகவோ வருந்தியதாகவோ இருவரிடமும் அடையாளம் இல்லை. பிரித்த நூலை வீணாக்காமல் விரலில் சுற்றி வைத்துக்கொண்டாள்.

புறப்படும்போது, இந்த வேலைக்கு வெளியிலிருந்து என்ன உதவி வேண்டும் என்று கேட்டேன். பணம் என்றோ பயிற்சி நிலையம் என்றோ சொல்வார்கள் என்று எதிர்பார்த்தேன். மூதாட்டி துணியின் ஓர் ஓரத்தை வெயிலுக்கு நேரே பிடித்துக் காட்டினார். ஓரிடத்தில் இழைகள் நெருங்கியும் மற்றோரிடத்தில் விலகியும் இருந்தன. இழை சீராக இல்லாத துணியில் எண்ணிக்கை சரியாக இருந்தாலும் பெட்டி கோணிப்போகும். கொம்பு ஒன்று தடித்து ஒன்று மெலியும். "முன்னே வந்த துணி நல்லா இருக்கும். இப்போ வர்றது இப்படித்தான் இருக்கு" என்றார். சிவப்பு நூலிலும் சில கழிகள் முதல் சலவையில் சாயம் விட்டு வெள்ளையைக் கெடுத்துவிடுகின்றனவாம். பாவும் ஊடையும் ஒரே கனத்தில், ஒரே நெருக்கத்தில் நெய்த துணி கரூர்ப் பக்கமோ ஈரோட்டுப் பக்கமோ கிடைக்குமா என்று விசாரித்து எழுதச் சொன்னார். மாதிரிக்காக ஒரு சாண் துணியைக் கத்தரித்து, எந்த அகலத்தில் பட்டை ஓடவேண்டும் என்று விரலால் அளந்து மருமகளைக் கொண்டு குறித்துக் கொடுத்தார்.